படியாளின் கொடிவழி



'பேரன்' என்று இன்று வழங்கும் சொல்லின் பழைய வடிவம் 'பெயரன்'. பாட்டன் பெயரைத் தாங்கியவன் என்பது அதன் பொருள். செங்கற்பட்டுச் சீமையின் சேரிகளில் இவ்வழக்கம் அண்மைக் காலம் வரை நின்று நிலவியது. முனுசாமியின் மகன் குப்பன். குப்பனின் மகன் முனுசாமி. அவன் மகன் மீண்டும் குப்பன். இரண்டே பெயர்கள் தூளிபோல் முன்னும் பின்னும் ஆடி நூறாண்டுகளைக் கடந்துவிடுகின்றன. கேட்பதற்கு இனிய முறைதான். ஆயினும் ஒரு குடும்பத்தின் கொடிவழியை ஏட்டில் தேடப் புகுவோர்க்கு அது பெரும் இடர். 'குப்பன் மகன் முனுசாமி' என ஒரு வரி கிடைத்தால் அவன் பாட்டனா, பாட்டனுக்குப் பாட்டனா எனத் துணிவது எங்ஙனம்?

அரசர்க்கு மெய்க்கீர்த்தி உண்டு. மிராசுதாரர்க்குக் கிரயப் பத்திரம் உண்டு. கோயில் விளக்குக்கு ஆடு விட்டவன் பெயரும் கல்லில் நிற்கிறது. நெல்லை அளந்து கூலியாகப் பெற்றமையால் 'படியாள்' என்றழைக்கப்பட்ட உழவுத் தொழிலாளியின் பாட்டன் பெயரை எங்கே தேடுவது என்பதே இவ்வுரையின் பொருள்.

இங்கிலாந்து நாட்டுப்புறத்து உழவுக் கூலியை இங்கே ஒப்புநோக்குதல் பயன்தரும். அவனும் நிலமற்றவன், எழுத்தறியாதவன், கல்லறையில் கல் நாட்டப்பெறாதவன். எனினும் 1538-ஆம் ஆண்டு பிறந்த ஆணையின்படி ஒவ்வொரு கோயிற்பங்கும் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றை ஏட்டில் எழுதத் தலைப்பட்டது. 1841-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் அவன் பெயரும் அகவையும் பதிவாயின. 'வேளாண் கூலி' என்னும் தொழிற்பெயரை இரண்டு குறுஞ்சொற்களாகச் சுருக்கி எழுதக் கணக்கெடுப்போர்க்கு இசைவு தரப்பட்டிருந்ததால், பக்கம் பக்கமாக அச்சுருக்கெழுத்தே நிறைந்து கிடக்கிறது. இன்று அவன் வழித்தோன்றல்கள் ஓய்வு நேரப் பொழுதுபோக்காகவே எட்டுத் தலைமுறை, பத்துத் தலைமுறை எனப் பின்னோக்கிச் சென்றுவிடுகின்றனர். சென்னை மாகாணத்திலும் 1871 முதல் குடிக்கணக்கு எடுக்கப்பட்டது. வீடு வீடாக எழுதிய தாள்களோ தொகைகளாகக் கூட்டப்பட்டபின் பேணப்படவில்லை. ஊருக்கு இத்தனை பேர் என்னும் எண் எஞ்சியது, பெயர் போயிற்று.

கல்வெட்டுகளை நாடினால் அங்கும் இதே நிலைதான். உத்திரமேரூரில் முதற் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தலின் விதிகளை விரித்துரைப்பதை அறியாதார் இலர். மக்களாட்சியின் தொட்டில் என்று மேடைகள் பலவற்றில் அவை போற்றப்படுகின்றன. இறை செலுத்தும் நிலம் கால்வேலிக்கு மேல் உடையவனே ஓலையில் பெயர் எழுதப்படத் தக்கவன் என்பதும் அவ்விதிகளுள் ஒன்று என்பதை மேடைகள் அழுத்திச் சொல்வதில்லை. அந்நிலத்தை உழுதவன் பெயர் குடத்துக்குள் போகவில்லை. ஆகவே கல்லிலும் ஏறவில்லை.

மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டொன்று உளது. ஊரார் நிலத்தைக் கூறுசெய்துகொண்ட உடன்படிக்கை அது. அதில் நிலமில்லாதாருள் வாணிகம் செய்வோர் இவ்வளவு பொன், கூலிக்கு உழைப்போர் இவ்வளவு பொன் கொடுக்கவேண்டும் என வரையறுக்கப்பட்டுள்ளது. இக்கடற்கரையின் கூலியாளை ஆயிரம் ஆண்டுக்கு முன்னரே எழுத்தில் காணும் இடம் இது. அவன் வரிசெலுத்துபவனாக வருகிறான், பெயருடையவனாக வரவில்லை.

ஆங்கிலக் கும்பினியார் 1763-இல் செங்கற்பட்டுச் சீமையை ஜாகீராகப் பெற்றனர். 1767 முதல் 1774 வரை பர்னார்டு என்னும் பொறியாளர் ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். ஊர்க் கணக்கர் எழுதிய ஓலைகளே அதற்கு அடிப்படை. ஏரி எத்தனை, நஞ்சை எத்தனை, வீடு எத்தனை, களத்து நெற்குவியலில் வெட்டியானுக்கும் தலையாரிக்கும் கொல்லனுக்கும் எவ்வளவு மேரை என்பன அவற்றில் நுட்பமாக எழுதப்பட்டுள்ளன. படியாளின் பெயர் இங்கும் இல்லையெனினும், கொடிவழி தேடுவோர் இவ்வோலைகளைப் புறந்தள்ளுதல் கூடாது. ஓர் ஊரின் சேரியில் பத்து வீடுகளே இருந்தன என்று தெரிந்தால், இன்று அங்குள்ள குடும்பங்கள் அப்பத்தின் கிளைகளா, பின்னர் வந்து குடியேறியவையா என்று வினவுவதற்கேனும் ஒரு பிடி கிடைக்கிறது.

படியாளின் குடியிருப்பு மனைக்கும் அக்காலத்தில் மிராசுதாரரே உரிமை கொண்டாடினர். மனம் வேறுபட்டால் குடிசையைப் பிரித்துக்கொண்டு செல்லவேண்டியதுதான். அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கலாகாது என 1843-இல் சட்டம் வந்தது. 1862 முதல் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டம் அடிமை வாணிகத்தைக் குற்றமாக்கிற்று. ஆனால் திருமணச் செலவுக்கெனப் பெற்ற சிறுகடன் தந்தையையும், அவனுக்குப்பின் மகனையும் ஒரே பண்ணையில் கட்டிவைத்தது. பிள்ளைக்குப் பாட்டன் பெயரோடு பாட்டன் கடனும் வந்து சேர்ந்தது. இக்கட்டிலிருந்து விலக ஒரு வழி இருந்தது, அது கடல்வழி.

1860 அக்டோபரில் சென்னைத் துறைமுகத்தினின்று புறப்பட்ட 'துரூரோ' என்னும் கப்பல் நவம்பர் 16-இல் தென்னாப்பிரிக்காவின் தர்பனை அடைந்தது. அதில் சென்றோர் 342 பேர். 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றிச் செல்லப்பட்டவர்கள் 1,52,184 பேர். அவர்களுள் பெரும்பகுதியினர் சென்னையில் கப்பலேறியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் தரப்பட்டது. பெயர், தந்தை பெயர், அகவை, சாதி, சில்லா, வட்டம், ஊர், உடலிலுள்ள மச்சமோ தழும்போ ஆகிய அனைத்தும் பேரேட்டில் எழுதப்பட்டன. மொரீசுத் தீவினர் அதற்கும் மேலே சென்றனர். 1834-இல் தொடங்கிய அக்குடியேற்றத்தில் 1860-களிலிருந்து கூலியாளின் நிழற்படத்தையும் எடுத்து வைத்தனர். அப்பேரேடுகள் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளன.

இதில் அடங்கியுள்ள முரணைக் கவிஞர்கள் உணர்வார்கள். ஊரிலேயே இருந்து ஏரிப் பாசனத்தில் நாற்று நட்ட அண்ணன் எந்த ஏட்டிலும் இல்லை. பஞ்சத்துக்கோ கடனுக்கோ அஞ்சி ஓடிய தம்பிக்கு ஊரும் தந்தை பெயரும் வலது முழங்காலின் தழும்பும் எழுத்தில் உள்ளன. பேணவேண்டும் என்னும் அன்பினால் எழுதப்பட்டவை அல்ல அவை. தோட்டத்திலிருந்து தப்பி ஓடினால் பிடிப்பதற்காக எழுதப்பட்டவை. அந்நோக்கம் மறைந்தபின் எழுத்து மட்டும் எஞ்சியிருக்கிறது.

நேட்டாலில் பெயர்முறையும் மாறிற்று. பேரேட்டின் தந்தை பெயர்க் கட்டத்தில் இருந்த முனுசாமி, ஆங்கிலேயர் வழக்கப்படி குடும்பப் பெயராக உறைந்துபோனான். மகன், பெயரன், கொள்ளுப்பெயரன் எல்லோரும் 'முன்சாமி'களாயினர். தூளியின் ஆட்டம் அங்கே நின்றது. இதனால் தர்பனில் உள்ள குடும்பம் கொடிவழியைப் பின்தொடர்ந்து கப்பல் எண்வரை எளிதில் வந்துவிடுகிறது. அதற்கப்பால் எழுத்தர் காதில் விழுந்தவாறு எழுதிய ஓர் ஊர்ப்பெயர். செங்கற்பட்டு சில்லா என ஒரு குறிப்பு. அவ்வூர்ப் பெயரை வாய்விட்டுப் பலமுறை சொல்லிப் பார்த்தே அது 'பாக்க'மா 'வாக்க'மா 'ஊரா' என்று தெளிய வேண்டியுள்ளது. அங்ஙனம் ஊரைக் கண்டுபிடித்து வருவோர் முதலில் கேட்க வேண்டியது குலதெய்வத்தின் பெயரையே. சாதிப் பெயரை மாற்றிச் சொல்லிக் கப்பலேறியோர் உண்டு. குலதெய்வத்தை மாற்றிக்கொள்வது அத்துணை எளிதன்று.

மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் அந்நாட்டு நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றித் திரும்பியவர். 1939-இல் 'ஜீவிய சரித்திர சுருக்கம்' என்னும் தன்வரலாற்றை வெளியிட்டார். இச்சீமையின் ஒடுக்கப்பட்ட குடிகளிலிருந்து ஒருவர் தம் வரலாற்றைத் தாமே எழுதி அச்சேற்றிய அரிய நிகழ்வு அது.

உள்ளூரிலேயே பெயர் எழுதப்பெற்ற இடங்கள் அறவே இல்லை என்று கூறிவிடவும் முடியாது. 1890-களில் செங்கற்பட்டில் பணியாற்றிய ஸ்காட்லாந்து மறைப்பணியாளர் ஆடம் ஆண்ட்ரூ, மெல்ரோசாபுரத்தில் நிலமற்றோர்க்கு ஒரு குடியிருப்பை அமைத்தார். மதம் மாறிய குடும்பங்களின் பெயர்கள் திருமுழுக்கு ஏடுகளில் ஏறின. இங்கிலாந்துக் கூலியின் வழித்தோன்றலுக்குக் கிட்டிய வாய்ப்பு இங்கு அச்சிறுதொகையினர்க்கே கிட்டியது. அங்கும் திருமுழுக்கின்போது பெயர் மாறுவதால் பழைய பெயரையும் சேர்த்தெழுதிய ஏடே பயன்படும்.

அக்காலத்தேதான் செங்கற்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர், பறையர் நிலை குறித்துத் தம் நெடிய குறிப்பை அரசுக்கு அனுப்பினார். நிலத்துக்கு விண்ணப்பித்தாலும் மிராசுதாரரின் முன்னுரிமை குறுக்கே நிற்பதையும், குடியிருப்பு மனையைக் காட்டி அச்சுறுத்துவதையும் அதில் எடுத்துரைத்தார். அதன் விளைவாக 1892-இல் அரசாணை பிறந்தது. தரிசு நிலங்கள் ஒடுக்கப்பட்டோர்க்கு ஒப்படைக்கப்படலாயின. பத்தாண்டுகள் எவர்க்கும் விற்கலாகாது. அதன்பின்னும் அவ்வகுப்பினர்க்கன்றிப் பிறர்க்கு விற்கலாகாது என்பன நிபந்தனைகள். பஞ்சமி நிலம் என்று வழங்குவது இதனையே.

படியாளின் கொடிவழி இங்கே பொழுதுபோக்கு என்னும் எல்லையைக் கடந்துவிடுகிறது. ஒப்படைப் பட்டா 'குப்பன் மகன் முனுசாமி' பெயரில் இருக்கும். நிலம் பிறர் கைக்கு எப்போதோ போயிருக்கும். அதனை மீட்க விழைபவன், அந்த முனுசாமியின் பெயரன் தானே என மெய்ப்பிக்க வேண்டும். பிறப்பு இறப்புப் பதிவு 1969-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குமுன் சிற்றூர்களில் ஒழுங்காக நடைபெறவில்லை. 'எந்த முனுசாமி?' என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வினவினால், பாசத்தோடு சூட்டப்பட்ட அதே பெயர் சாட்சிக் கூண்டில் அவனைக் கைவிடுகிறது. 1980-களில் நில ஆவணங்கள் புதுப்பிக்கப்பட்டபோது, அன்று நிலத்தில் இருந்தவர் பெயரே ஏறிய இடங்களும் உள. கிழக்குக் கடற்கரைச் சாலை வந்தபின் அந்நிலங்களின் விலை என்னவாயிற்று என்பதை இவ்வவைக்கு எடுத்துக்கூற வேண்டுவதில்லை.

மாமல்லபுரத்துக்கு அணித்தாக உள்ள காரணையில் இக்கோரிக்கை 1994-இல் போராட்டமாக வெடித்தது. பஞ்சமி நிலத்தில் நிறுவப்பட்ட அம்பேத்கர் சிலை அகற்றப்பட்டதைக் கண்டித்து அக்டோபர் 10 அன்று செங்கற்பட்டில் திரண்டோர்மீது காவல்துறையினர் துப்பாக்கிச் சூடு நடத்தினர். ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இருவர் உயிரிழந்தனர்.

ஏடு பொய்த்த இடத்தில் வாய்மொழி ஓரளவு கைகொடுக்கிறது. ஆண்டுதோறும் மாசி மகத்தன்று இருளர்கள் பல ஊர்களிலிருந்தும் மாமல்லபுரக் கடற்கரையில் கூடுகின்றனர். மணலில் படிகளமைத்துக் கன்னியம்மனை வழிபடுகின்றனர். திருமணங்களைப் பேசி முடிக்கின்றனர். பெண் கொடுப்பதற்கும் எடுப்பதற்கும் பங்காளி யார், மாமன் மைத்துனன் யார் என்று தெரிந்தாக வேண்டும். ஆகவே அந்த ஓரிரவில் கடற்கரை முழுவதும் கொடிவழிகள் சொல்லப்படுகின்றன. மரம்வெட்டும் இடங்களிலும் அரிசி ஆலைகளிலும் கொத்தடிமைகளாகச் சிதறுண்ட குடும்பங்கள் ஒன்றையொன்று கண்டுகொள்ளும் இடமும் அதுவே. 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மீட்கப்பட்டோர்க்குத் தரப்படும் விடுதலைச் சான்று, அவர்களுள் சிலருக்கு அரசு முத்திரையுடன் பெயர் எழுதப்பெற்ற முதல் தாளாக அமைந்தது.

மற்றொரு வாயில் ஒப்பாரி. இறந்தவனின் தந்தையையும் பாட்டனையும், வாழ்க்கைப்பட்டு வந்தவளின் பிறந்த ஊரையும் விளித்தே பெண்கள் அழுகின்றனர். ஆண்வழியை மட்டும் எழுதும் பட்டாவில் காணவியலாத தாய்வழி ஒப்பாரியில் உண்டு. நாட்டுப்புறப் பாடல்களைத் தொகுப்போர் உவமையின் அழகில் மயங்கி, அடுக்கடுக்காக வரும் பெயர்களைக் 'கூறியது கூறல்' எனக் கருதி விட்டுவிடுவதுண்டு. வட்டத்தின் கவிஞர்கள் இனி ஒப்பாரி சேகரிக்கச் செல்லுங்கால் உவமைகளை ஓரிரண்டு தவறவிட்டாலும் குற்றமில்லை. பாடுபவளின் பிறந்த ஊர், புகுந்த ஊர், அவள் சொல்லும் ஒவ்வொரு பெயர், அப்பெயருக்கு அவள் கூட்டும் 'நெட்டை', 'ஏரிக்கரை', 'ரங்கூன்' என்னும் அடைமொழி ஆகியவற்றை ஒன்றும் விடாது எழுதிக்கொள்ள வேண்டும். நெட்டை முனுசாமி வேறு, ஏரிக்கரை முனுசாமி வேறு என்பது அவளுக்குத் தெரியும். வட்டாட்சியர் அலுவலகத்துக்குத் தெரியாது.