கடன் இல்லாத பிறந்தநாள், கவலை இல்லாத பயணம்

(பொன்னேரி வட்டார இளம் தம்பதியர் கூட்டத்தில் சுகாதாரக் கல்வியாளர் ஆற்றிய உரை)

 

குடும்ப நலக் கூட்டம் என்றாலே ஆண்கள் பின்வரிசையைத் தேடிப் போவார்கள். "இந்த அம்மா வந்தா ஆபரேஷனைப் பத்திதான் பேசும்" என்று நினைப்பு. இன்றைக்குக் கொஞ்சம் முன்னால் வந்து உட்காருங்கள். இன்று நான் பேசப் போவது உங்கள் சட்டைப் பையைப் பற்றி.

நம் நாட்டில் 1952-ஆம் ஆண்டில் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. 1977-ல் அதற்குக் 'குடும்ப நலம்' என்று பெயர் மாற்றினார்கள். எத்தனை பிள்ளை என்று எண்ணுவது மட்டும் நலம் ஆகாது. பிறந்த பிள்ளை வயிறார உண்ண வேண்டும், பெற்றவர்கள் இரவில் நிம்மதியாகத் தூங்க வேண்டும். அதுதான் குடும்ப நலம். அந்தத் தூக்கத்தைக் கெடுப்பது பல வீடுகளில் நோய் அல்ல, விசேஷம்!

ஒரு வீட்டில் நடந்தது

நமக்குத் தெரிந்த ஒரு வீடு. பெயர் வேண்டாம். கணவர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளி. முதல் குழந்தை, ஆண் குழந்தை. முதல் பிறந்தநாளை ஊரே மெச்சக் கொண்டாட ஆசைப்பட்டார்கள். மண்டபம், வாசலில் பேனர், சீரியல் செட், மூன்று அடுக்கு கேக், இருநூறு பேருக்குப் பிரியாணி. கையில் இருந்தது போதவில்லை. பெண்கள் குழுவில் 20,000 ரூபாய் கடன். தெரிந்தவரிடம் அஞ்சு வட்டிக்கு 40,000 ரூபாய். "மொய் வந்ததும் அடைச்சிடலாம்" என்று கணக்கு.

மொய் வந்தது. வந்த கையோடு சமையல்காரர் பாக்கிக்கும் பந்தல்காரர் பாக்கிக்கும் போய்விட்டது. கடன் அப்படியே நின்றது.

இரண்டு மாதம் கழித்துக் கிராம சுகாதார செவிலியரோடு அந்த வீட்டுக்குப் போனேன். குழந்தையைத் தராசில் வைத்தோம். எடை ஏறவே இல்லை. "என்னம்மா கொடுக்கிறாய்?" என்று கேட்டேன். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். "முட்டையை நிறுத்திட்டேம்மா. பாலும் பாதியாக்கிட்டேன். வாரா வாரம் குழுவுக்குக் கட்டணும் இல்லையா" என்றாள். சுவரிலே கேக் முன்னால் குழந்தை சிரிக்கிற பெரிய படம். அந்தப் படத்துக்குக் கீழே மெலிந்த அதே குழந்தை.

யாருக்காக விழா எடுத்தோமோ அந்தப் பிள்ளையின் தட்டிலிருந்தே விழாச் செலவை எடுக்கிறோம். இதை நான் குறை சொல்லச் சொல்லவில்லை. என் மகளின் காது குத்துக்கு நானும் சேமநிதியில் கடன் எடுத்து ஊரைக் கூட்டியவள்தான். அந்தப் பிடித்தம் முடிய மூன்று வருடம் ஆயிற்று. படித்தவளுக்கே புத்தி அப்படி!

வட்டியைப் பச்சையாகப் பாருங்கள்

அஞ்சு வட்டி என்றால் என்ன? நூறு ரூபாய்க்கு மாதம் ஐந்து ரூபாய். கேட்கச் சின்னதாகத்தான் இருக்கிறது. வருடத்துக்கு நூற்றுக்கு அறுபது! 40,000 ரூபாய்க்கு மாதம் 2,000, வருடம் 24,000. அசலில் ஒரு பைசா குறையாது.

ஒரு குழந்தைக்குத் தினம் ஒரு முட்டையும் கால் லிட்டர் பாலும் 20 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 600 ரூபாய். அந்த 2,000 ரூபாய் வட்டி, மூன்று குழந்தைகளின் முட்டை, பாலை விழுங்கிவிடுகிறது. அளவுக்கு மீறிய வட்டி வாங்குவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்திருக்கிறது. ஆனால் சட்டம் வந்து காப்பாற்றும் வரை ஏன் போக வேண்டும்?

மொய்யை நம்பிக் கடன் வாங்காதீர்கள். மொய் வருமானம் அல்ல, திருப்பிச் செய்ய வேண்டிய கடன். நோட்டில் எழுதி வைத்திருக்கிறோமே, எதற்கு? நாளைக்கு அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு நாம் ஒரு கை கூட்டிச் செய்ய வேண்டும் என்பதற்குத்தானே?

முதலில் இருவரும் உட்காருங்கள்

விசேஷம் வருவதற்கு ஆறு மாதம் முன்னால், பிள்ளைகள் தூங்கிய பிறகு, கணவனும் மனைவியும் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்காருங்கள். யாரை அழைப்பது என்று தொடங்காதீர்கள். எவ்வளவு முடியும் என்று தொடங்குங்கள். தொகையை முடிவு செய்தபின் ஆட்களை எண்ணுங்கள். நாம் தலைகீழாகச் செய்கிறோம். முதலில் ஊருக்குச் சொல்லிவிடுகிறோம், பிறகு பணத்துக்கு அலைகிறோம்.

மாதம் 300 ரூபாய் எடுத்து வைத்தால் வருடத்துக்கு 3,600. ஒரு கணக்குக்காகச் சொல்கிறேன். உங்கள் வீட்டுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்:

வீட்டிலேயே சமைத்து நெருங்கியவர்களுக்குச் சாப்பாடு – 1,800
குழந்தைக்குப் புதுத்துணி – 800
கேக் அல்லது இனிப்பு – 400
கோயில் அர்ச்சனை – 100
கை இருப்பு – 500

கை இருப்பை விட்டுவிடாதீர்கள். கடைசி நேரத்தில் எண்ணெய் குறையும், கேஸ் தீரும். அந்த நேரத்தில்தான் கை மாற்று வாங்குகிறோம்.

அஞ்சலகத்தில் மாதம் 100 ரூபாயிலிருந்து தொடர் வைப்புக் கணக்கு தொடங்கலாம். பெண் குழந்தை இருந்தால், பத்து வயது நிறைவதற்குள் செல்வமகள் சேமிப்புக் கணக்கு தொடங்கலாம். 2015-ல் வந்த திட்டம், வருடத்துக்கு 250 ரூபாய் கட்டினாலும் போதும். மண்டபத்துக்குக் கொடுக்கிற முன்பணத்தில் பாதியை அதில் போட்டுப் பாருங்கள். அந்தப் பெண் வளர்ந்த பிறகு பேனரை நினைக்க மாட்டாள், இதை நினைப்பாள்.

"ஊர் என்ன சொல்லும்? மாமியார் என்ன சொல்வார்?" என்பீர்கள். மாமியாரையும் முதலிலேயே கணக்கில் சேருங்கள். "அத்தை, எங்ககிட்ட இவ்வளவுதான் இருக்கு. இதுல எப்படிச் செய்யலாம், நீங்களே சொல்லுங்க" என்று கேளுங்கள். யோசனை கேட்கப்பட்ட பெரியவர் குறை சொல்ல மாட்டார். மகன்தான் தாயிடம் இதைப் பேச வேண்டும். மருமகள் தலையில் கட்டிவிட்டு வெளியே போய்விடாதீர்கள், தம்பிமார்களே!

பிறந்தநாள் அன்று அட்டையை எடுங்கள்

பிறந்தநாளுக்குச் செலவில்லாத சடங்கு ஒன்று சொல்கிறேன். காலையில் குழந்தையைக் குளிப்பாட்டியதும் தாய்–சேய் நல அட்டையை எடுத்துப் பாருங்கள். முதல் பிறந்தநாளா? ஒன்பது மாதம் முடிந்ததும் போட வேண்டிய தட்டம்மை–ரூபெல்லா ஊசி போட்டாயிற்றா? வைட்டமின் ஏ கொடுத்தாயிற்றா? 16 முதல் 24 மாதத்துக்குள் அடுத்த தவணை இருக்கிறது. ஐந்தாவது பிறந்தநாளா? 5 முதல் 6 வயதுக்குள் போடும் முத்தடுப்பு ஊசியை மறக்காதீர்கள். இதெல்லாம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். ஊசி தவறியிருந்தால் பயப்படாமல் வாருங்கள், யாரும் திட்ட மாட்டார்கள்.

வீட்டு விழாவில் கவனிக்க வேண்டியவை சில. மதியம் ஆக்கியதை இரவு வரை வெளியில் வைத்துப் பரிமாறாதீர்கள். உடைந்த பலூன் துண்டுகளை உடனே பொறுக்கிவிடுங்கள், கைக்குழந்தையின் தொண்டையில் போய் அடைத்துக்கொள்ளும். மெழுகுவத்தி எரியும்போது நுரை ஸ்பிரே அடிக்காதீர்கள், தீப்பிடிக்கும்.

காது குத்து, மொட்டை

நம் பக்கத்தில் ஆண்டார்குப்பம், சிறுவாபுரி, பெரியபாளையம் என்று கோயில்களுக்குக் குறைவில்லை. வேண்டுதலை நிறைவேற்றுங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால் வேண்டிக்கொண்டது மொட்டை அடிப்பதாகத்தான், வேன் பிடித்து ஊரைக் கூட்டிப் போவதாக அல்ல. சாமி மண்டபம் கேட்கவில்லை.

மொட்டை அடிக்கும்போது புது பிளேடை உங்கள் கண்ணெதிரே பிரிக்கச் சொல்லுங்கள். காது குத்தும் ஊசியும் ஒருவருக்குப் போட்டதை அடுத்தவருக்குப் போடக் கூடாது. ரத்தத்தால் பரவுகிற மஞ்சள் காமாலையும் எச்.ஐ.வி.யும் இந்த வழியில் வரலாம். ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதங்களில் போடும் ஐந்து நோய்த் தடுப்பூசியில் ரணஜன்னித் தடுப்பும் அடங்கியிருக்கிறது. அவை மூன்றும் முடிந்த பிறகு காது குத்துவது நல்லது.

சுற்றிப் பார்க்கப் போகலாம் வாருங்கள்

"எங்களுக்கு ஏது டூர்? அதெல்லாம் பணக்காரங்களுக்கு" என்கிறீர்கள். அப்படி இல்லை. வருடத்தில் ஒரு நாளாவது குடும்பம் சேர்ந்து வெளியே போக வேண்டும். ஷிப்டு பார்க்கிற அப்பாவைப் பிள்ளைகள் தூங்குகிற நிலையில்தான் பார்க்கிறார்கள். ஒரு நாள் முழுக்க அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தால் அதுவே பெரிய டூர்.

பொன்னேரியில் மின்சார ரயில் ஏறினால் நேராகச் சென்னை சென்ட்ரல். ஐந்து வயது நிறையாத குழந்தைக்கு டிக்கெட் இல்லை. எழும்பூர் அரசு அருங்காட்சியகம் 1851-ல் தொடங்கியது, குழந்தைகளுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. வெள்ளிக்கிழமை விடுமுறை. வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. இதைக் கேட்டுக்கொள்ளாமல் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினால், பிள்ளைகள் அழுவதைச் சமாதானம் செய்யவே இருநூறு ரூபாய் போய்விடும்.

இன்னும் கிட்டத்தில் போக வேண்டுமா? சித்திரையில் நம் கரிகிருஷ்ணப் பெருமாளும் அகத்தீஸ்வரரும் சந்திக்கிற திருவிழாவுக்குச் செலவே இல்லை. பழவேற்காட்டில் 1613-ல் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டிய இடமும் பழைய கல்லறைத் தோட்டமும் இருக்கின்றன. கல்லறை வாசலில் எலும்புக்கூடு செதுக்கியிருப்பதைப் பிள்ளைகள் வாய் பிளந்து பார்ப்பார்கள். குளிர்காலத்தில் ஏரியில் பூநாரைகள் கூட்டமாக நிற்கும்.

பழவேற்காடு என்றதும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 25. கிறிஸ்துமஸ் விடுமுறை. குடும்பம் குடும்பமாகச் சுற்றிப் பார்க்கப் போனவர்கள் ஏறிய படகு அந்த ஏரியில் கவிழ்ந்தது. 22 பேர் இறந்தார்கள். பெண்களும் குழந்தைகளும் அதில் உண்டு. சந்தோஷத்துக்குப் போன இடம் அது. ஆகவே கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். சவாரிக்கு அனுமதி இல்லாத இடத்தில் மீன்பிடிப் படகில் ஏறாதீர்கள். மிதவைச் சட்டை கொடுக்காத படகில், ஆள் நிரம்பிய படகில் ஏறாதீர்கள். "எல்லாரும் ஏறுறாங்க" என்பது காரணம் ஆகாது. பறவைகளைக் கரையில் நின்றே பார்க்கலாம். பிள்ளை அடம் பிடித்தால் அழட்டும். அழுகிற பிள்ளையை வீட்டுக்குக் கூட்டி வந்துவிடலாம்.

புறப்படும் முன் பணத்தை நான்கு கவர்களில் பிரித்து வையுங்கள்: பயணம், சாப்பாடு, நுழைவுச் சீட்டு, அவசரம். புளிச்சோறு, கொதித்து ஆறிய தண்ணீர், ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரண்டு, தினம் சாப்பிடும் மாத்திரை, இவை பையில் இருக்கட்டும். பிள்ளைகள் கையில் ஆளுக்கு 50 ரூபாய் கொடுத்து, "உனக்கு இவ்வளவுதான், நீயே பார்த்து வாங்கு" என்று சொல்லிப் பாருங்கள். நூறு முறை "அதை வாங்கிக் கொடு" என்று கேட்ட பிள்ளை, கையில் சொந்தப் பணம் வந்ததும் யோசிக்கும். அவசரம் என்றால் 108-ஐ அழையுங்கள்.

கடைசியாக ஒன்று

பேச்சின் தொடக்கத்தில் ஆபரேஷனைப் பற்றிப் பேச மாட்டேன் என்று நினைத்தீர்கள் அல்லவா? ஒரே ஒரு வார்த்தை. முதல் பிள்ளைக்குப் பிறந்தநாள், அதே மாதம் அடுத்த பிள்ளைக்கு வளைகாப்பு என்றால் எந்தக் கணக்கு நோட்டும் தாங்காது. தாயின் உடம்பும் தாங்காது. இரண்டு பிள்ளைகளுக்கு இடையே மூன்று வருட இடைவெளி விடுங்கள். காப்பர்–டி, மாத்திரை, அந்தரா ஊசி, ஆணுறை எல்லாம் அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கும். போதும் என்று முடிவு செய்தவர்களில், தழும்பில்லா வாசக்டமி செய்துகொள்ள ஆண்களும் முன்வரலாம். விசேஷத்தைத் திட்டமிட உட்கார்ந்த அதே நோட்டில், அதே இரவில், இதையும் பேசி முடித்துவிடுங்கள்.

சிறுகக் கட்டிப் பெருக வாழ் என்பார்கள் பெரியோர். அந்த வீட்டுக் குழந்தைக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அங்கன்வாடி சத்துமாவும், தவறாத எடைப் பரிசோதனையும், பெற்றோர் மெல்ல மெல்ல அடைத்த கடனுமாக எழுந்து நின்றுவிட்டான். இரண்டாவது பிறந்தநாளுக்கு என்னை அழைத்தார்கள். திண்ணையில் பாய் விரித்துப் பத்துப் பேருக்குச் சர்க்கரைப் பொங்கல். தட்டில் அவனுக்கு ஒரு முழு முட்டை. அந்தப் பெண் இந்த முறை தலை நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அப்படி ஒரு பிறந்தநாள் உங்கள் வீட்டிலும் நடக்கட்டும்.