புளியந்தீவில் ஒரு திருச்சபையின் தொடக்கம்

பழமையான சிறு தேவாலயங்களைக் காண்போர் அவற்றின் தடித்த சுவர்களையும் அரைவட்ட வளைவுகளையும் வியப்பர். அவ்வளைவைக் கட்டுவோர் முதலில் மரத்தாற் சாரம் அமைத்து, அதன்மேற் கற்களை அடுக்குவர். உச்சிக்கல் அமர்ந்தபின் சாரத்தை அகற்றிவிடுவர். கற்கள் ஒன்றையொன்று நெருக்கித் தாமே நிற்கும்.

மட்டக்களப்பு வாவி சூழ்ந்த புளியந்தீவில் மெதடிஸ்த திருச்சபை வேரூன்றிய வரலாறும் இத்தகையதே.

1813ஆம் ஆண்டின் இறுதியில் தோமஸ் கோக் என்பாரின் தலைமையில் மிஷனரிமார் சிலர் இங்கிலாந்திலிருந்து இலங்கைக்குக் கப்பலேறினர். அவருள் ஒருவர் வில்லியம் ஓல்ட். வழியிலே ஓல்டின் மனைவி இறந்தார். பின்னர்க் கோக்கும் இறந்தார். இருவரையும் கடலே ஏற்றது. எஞ்சியோருள் பலர் 1814 ஜூன் 29ஆம் நாள் காலியில் இறங்கினர். பணிக்களங்கள் பகுக்கப்பட்டபோது, மட்டக்களப்பு ஓல்டுக்கு வாய்த்தது. அவர் தனியராய் வந்தார்.

ஈண்டு அவர் தமிழ் பயின்றார். சிறுவர்க்குப் பள்ளிகள் திறந்தார். எட்டு மாதங்களுள் எட்டுப் பள்ளிகள் எழுந்தன. 1815 ஏப்ரல் 1ஆம் நாள் நோய்வாய்ப்பட்டு அவர் மறைந்தார்.

சாரம் அகன்றது, வளைவோ வீழவில்லை. பின்வந்தோர் பணியைத் தொடர்ந்தனர். 1814ஆம் ஆண்டையே தன் தொடக்கமாகக் கொண்ட மெதடிஸ்த மத்திய கல்லூரி, இருநூறு ஆண்டுகள் கடந்தும் கல்வி புகட்டி வருகின்றது. 1978 நவம்பரில் வீசிய பெருஞ்சூறாவளி நகரின் கூரைகளைப் பெயர்த்தெறிந்தது; கூரைகள் மீண்டும் வேயப்பட்டன, வகுப்புகள் மீண்டும் கூடின.

வாவிக்கரையில், மட்டக்களப்பு வாயிலின் அருகே ஓல்டின் சிலை நிற்கின்றது. அவர் இம்மண்ணில் வாழ்ந்தது ஓராண்டுகூட இல்லை. நற்பணியின் ஆயுள் அதனைத் தொடங்கியவரின் ஆயுளோடு முடிவதன்று.