மேடையில் பதிவான இசைத்தட்டு

பிள்ளைகள் கேட்கும் இசையைப் பற்றிப் பெற்றோர் குறைபட்டுக்கொள்வது புதிதன்று. "காது கிழிகிறது, இதற்குப் பெயர் பாட்டா?" என்று அம்மா கேட்பார். பிள்ளை கதவைச் சாத்திக்கொள்ளும். அப்படிக் குறை கூறப்படும் இசைகளில் முன் வரிசையில் நிற்பது 'ஹெவி மெட்டல்' என்னும் மேல்நாட்டு இசை. கனமான உலோகம் என்பது அதன் பொருள்.

அந்த இசையில் வெளிவந்த ஓர் இசைத்தட்டைப் பற்றித்தான் இன்று நாம் பேசப் போகிறோம். அதை எல்லாரும் விரும்பிக் கேட்க வேண்டும் என்று சொல்ல நாம் வரவில்லை. ஓர் இசைத்தட்டு எப்படி உருவாகிறது, அதில் யார் யாருடைய உழைப்பு அடங்கியிருக்கிறது, அதன் அட்டையில் எழுதியிருப்பதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பவற்றை அறிந்துகொள்ள அது நல்ல எடுத்துக்காட்டு. உழைத்துச் சாப்பிடும் குடும்பங்களுக்கு இந்தக் கேள்விகள் அந்நியமானவை அல்ல.

முதலில், இந்த இசை எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். இங்கிலாந்தின் நடுப்பகுதியில் பர்மிங்காம் என்னும் தொழில் நகரம் இருக்கிறது. அதைச் சுற்றிலும் இரும்பு உருக்கும் ஆலைகளும் உலோகப் பட்டறைகளும் நிறைந்த ஊர்கள் இருந்தன. ஹெவி மெட்டல் இசைக்கு வழி வகுத்த 'பிளாக் சாபத்' குழு அந்த நகரத்தில்தான் தோன்றியது. அதன் கித்தார் கலைஞர் டோனி அயோமி, 17 வயதில் தகட்டு உலோகத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தார். இசையையே தொழிலாகக் கொள்வதென்று முடிவு செய்து, வேலையை விட்டு விலகவிருந்த கடைசி நாள். அன்று இயந்திரத்தில் சிக்கி, வலக்கையின் இரண்டு விரல் நுனிகள் போயின. அவர் இடக்கைப் பழக்கம் உள்ளவர்; கித்தார் தந்திகளை அழுத்துவது வலக்கைதான். இனி வாசிக்க முடியாது என்று மருத்துவர்கள் சொன்னார்கள்.

தொழிற்சாலையில் அவருக்கு மேலாளராக இருந்தவர் ஓர் இசைத்தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். தீ விபத்தில் கை விரல்கள் ஊனமான ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற கலைஞர் வாசித்த தட்டு அது. அதைக் கேட்ட பிறகு அயோமிக்கு மனம் தேறியது. பிளாஸ்டிக் புட்டி ஒன்றை உருக்கி, விரல் நுனிகளுக்குத் தாமே உறை செய்துகொண்டார். கைக்கு எளிதாக இருக்கும்படி மெல்லிய தந்திகளைப் பூட்டினார். பிற்பாடு அவற்றின் முறுக்கையும் தளர்த்தினார். தந்தி தளர்ந்தால் ஒலி தாழ்ந்து கனக்கும். பலரும் இரைச்சல் என்று ஒதுக்கும் அந்தக் கனத்த ஒலியில், வேலையிடத்தில் விரல் இழந்த ஒரு தொழிலாளியின் விடாமுயற்சியும் கலந்திருக்கிறது.

அதே வட்டாரத்தில் 1969-இல் தோன்றிய இன்னொரு குழு 'ஜூடாஸ் பிரீஸ்ட்'. இதன் பாடகர் ராப் ஹால்ஃபோர்டு வளர்ந்தது வால்சால் என்னும் தொழில் ஊரில். பள்ளிக்கூடம் போகும் வழியில் ஆலைப் புகையைச் சுவாசித்துக்கொண்டே நடந்ததை அவர் பின்னாளில் நினைவு கூர்ந்திருக்கிறார். கித்தார் வாசித்த இருவரில் ஒருவரான கிளென் டிப்டன் முன்பு எஃகு நிறுவனத்தில் வேலை பார்த்தவர். மற்றவர் கே. கே. டவுனிங். தாழ்சுருதிக் கித்தார் இயன் ஹில். டிரம் வாசித்தவர் லெஸ் பிங்க்ஸ். இந்த ஐவரும் 1979 பிப்ரவரியில் ஜப்பானுக்குப் போய் டோக்கியோ நகரில் நிகழ்ச்சி நடத்தினார்கள். அங்கே பதிவானதுதான் நாம் பேச வந்த இசைத்தட்டு. அதன் பெயர் 'அன்லீஷ்டு இன் தி ஈஸ்ட்'. கிழக்குத் திசையில் கட்டவிழ்த்து விட்டது என்று பொருள் கொள்ளலாம். ஒன்பது பாட்டுகளுடன் அதே ஆண்டு செப்டம்பரில் அது வெளிவந்தது.

பதிவு நடந்த இரண்டு மண்டபங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒன்றின் பெயர் கோசெய் நென்கின் மண்டபம். 'கோசெய் நென்கின்' என்பது ஜப்பானியத் தொழிலாளர்களின் ஓய்வூதியத் திட்டத்தின் பெயர். நம் ஊழியர் சேமநிதிக்கு மாதந்தோறும் சம்பளத்தில் பிடிப்பதுபோல் அங்கும் பிடிப்பார்கள். அந்தத் திட்டத்தின் சார்பில் எழுந்த மண்டபம் அது. மற்றது நக்கானோ சன்பிளாசா. 1973-இல் திறக்கப்பட்ட இதன் முறையான பெயர், உழைக்கும் இளைஞர்களுக்கான தேசிய மண்டபம் என்பது. ஏறத்தாழ 2,200 பேர் அமரும் அரங்கம், தங்கும் அறைகள், நீச்சல் குளம் எல்லாம் அந்த ஒரே கட்டடத்தில் இருந்தன. ஆலை ஊர்களிலிருந்து வந்த இசைக் குழு, தொழிலாளர்களுக்காக எழுப்பிய மண்டபங்களில் பாடியது. இரண்டும் இன்று இயங்கவில்லை. முதல் மண்டபம் 2010-இலும் சன்பிளாசா 2023-இலும் மூடப்பட்டன. அங்கே எழுந்த கைத்தட்டல் இசைத்தட்டில் இருக்கிறது.

மேடைப் பதிவு எப்படி நடக்கிறது? திருவிழா மேடையில் ஒரே ஒலிவாங்கியை நடுவில் வைத்து எல்லாவற்றையும் பிடிப்பதுபோல் எண்ணிவிடக் கூடாது. பாடகருக்கு ஒரு வாங்கி, ஒவ்வொரு கித்தாருக்கும் ஒன்று, டிரம்களுக்குப் பல, கூட்டத்தின் ஆரவாரத்துக்குத் தனியாகச் சில என்று வைப்பார்கள். இவை பிடிக்கும் ஒலிகளை இரண்டு அங்குல அகலமுள்ள ஒலிநாடாவில் தனித்தனித் தடங்களாகப் பதிவார்கள். அக்காலத்தில் 16 தடம், 24 தடம் கொண்ட கருவிகள் வழக்கத்தில் இருந்தன. ஒரு நாடாச் சுருள், ஓடும் வேகத்தைப் பொறுத்துக் கால் மணி நேரமோ அரை மணி நேரமோதான் வரும். பாட்டின் நடுவே நாடா தீர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்வதே ஒருவருக்கு முழு வேலை.

நிகழ்ச்சி முடிந்த பிறகு அந்தத் தடங்களை ஒலிப்பதிவுக் கூடத்துக்குக் கொண்டுபோவார்கள். எந்தத் தடத்தை உயர்த்துவது, எதைத் தாழ்த்துவது என்று பார்த்துப் பார்த்துக் கலப்பார்கள். தடங்கள் தனித்தனியாக இருப்பதால் ஒன்றை நீக்கிவிட்டு அதன் இடத்தில் புதிதாகப் பதிவதும் முடியும். ஆனால் அது எளிதன்று. டிரம் ஓசை பாடகரின் வாங்கியிலும் கசிந்திருக்கும். பாடகரின் குரல் டிரம் வாங்கியிலும் கேட்கும். ஆகவே ஒன்றைத் தொட்டால் மற்றவையும் மாறும்.

இந்த இசைத்தட்டின் கதையில் சிக்கல் வந்தது இங்கேதான். டோக்கியோவில் பதிவான ஹால்ஃபோர்டின் குரல் வெளியிடும் தரத்தில் அமையவில்லை. குழுவினர் இங்கிலாந்துக்குத் திரும்பிய பின், டாம் ஆலம் என்ற தயாரிப்பாளரின் மேற்பார்வையில் வேலை தொடர்ந்தது. ஹால்ஃபோர்டு ஒலிப்பதிவுக் கூடத்தில் நின்று, மேடையில் பாடுவது போலவே பாட்டுகளை மறுபடியும் பாடினார். அந்தக் குரல்தான் தட்டில் ஏறியது. அட்டையைப் பார்த்து வாங்கியவர்கள், டோக்கியோவில் அன்று பாடிய குரலையே கேட்கிறோம் என்று நம்பினார்கள்.

விஷயம் மெல்லக் கசிந்தது. இரசிகர்களில் சிலர் 'கிழக்கில்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'ஸ்டூடியோவில்' என்று போட்டுக் கேலி பேசினார்கள். பிற்காலத்தில் ஹால்ஃபோர்டு தாமே அதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அதற்காக அந்தத் தட்டை யாரும் தூக்கி எறிந்துவிடவில்லை. மேடைப் பதிவுகளில் சிறந்தவற்றுள் ஒன்றாக இரசிகர்கள் இன்றும் அதைப் போற்றுகிறார்கள்.

இதோடு ஒப்பிட இன்னொரு தட்டு இருக்கிறது. 'டீப் பர்ப்பிள்' என்னும் ஆங்கிலக் குழு 1972 ஆகஸ்டு மாதம் ஒசாக்கா நகரில் இரண்டு இரவும் டோக்கியோவில் ஓர் இரவும் பாடியதைப் பதிவு செய்து, 'மேட் இன் ஜப்பான்' என்ற பெயரில் வெளியிட்டது. ஜப்பானிய நிறுவனம் கேட்டதால்தான் குழு அதற்கு இசைந்தது. பதிவுச் செலவு சுமார் 3,000 டாலர்தான் என்று குழுவினர் சொல்லியிருக்கிறார்கள். அதன் பாடகர் இயன் கில்லனுக்கும் அந்த இரவுகளில் தாம் பாடியது மனநிறைவு தரவில்லை. ஆனால் எதையும் மாற்றிப் பதியாமல், மேடையில் நடந்ததை நடந்தபடியே விட்டார்கள். அதுவும் உலகெங்கும் விற்று, பெரும்புகழ் பெற்றது.

அப்படியானால் இரண்டில் எது சரி? பால்மரம் சீவியவர்களுக்கு இந்தக் கேள்வி எளிதில் விளங்கும். கொண்டுவந்த பாலை நிறுப்பதோடு விடுவதில்லை. அதில் உலர்ந்த ரப்பர் எத்தனை விழுக்காடு என்றும் சோதிப்பார்கள். தண்ணீர் கலந்திருந்தால் சோதனையில் தெரிந்துவிடும். இசைத்தட்டு வாங்குகிறவரின் கையில் அப்படி ஒரு சோதனை இல்லை. அட்டையில் உள்ள எழுத்தை நம்பித்தான் அவர் காசு கொடுக்கிறார். ஆகவே எழுதுகிறவருக்குப் பொறுப்பு கூடுகிறது.

கெட்டுப்போன குரலை மறுபடி பாடிச் சீர்செய்ததில் தவறில்லை. கிழிந்த சட்டையைத் தைத்துப் போடுவதில் என்ன குற்றம்? தைத்த சட்டையைப் புதுச் சட்டை என்று விற்றால்தான் பேச்சு வருகிறது. 'கருவிகள் மேடையில், குரல் கூடத்தில்' என்று அட்டையில் ஒரு வரி எழுதியிருந்தால் கேலிக்கே இடமில்லாமல் போயிருக்கும். திரும்பப் பாடியதும் உழைப்புத்தானே? கூட்டம் இல்லாத அறையில், எதிரே ஆயிரக்கணக்கானவர் இருப்பதாக எண்ணிக்கொண்டு, அதே வேகத்தில் உச்சக் குரலெடுத்துப் பாடுவது சாதாரண வேலையன்று. அந்த உழைப்பை மறைத்ததால், அதற்குரிய பாராட்டும் பல ஆண்டுகள் மறைந்து கிடந்தது.

மறைந்து கிடந்த உழைப்பு இன்னொன்றும் உண்டு. அது டிரம் வாசித்த லெஸ் பிங்க்ஸைப் பற்றியது. தட்டு வெளிவந்த 1979-ஆம் ஆண்டிலேயே அவர் குழுவை விட்டு விலகிவிட்டார். இந்தப் பதிவில் வாசித்ததற்கு ஊதியம் வாங்காமல் விட்டுக்கொடுக்கும்படி குழுவின் நிர்வாகி கேட்டதே காரணம் என்று பிங்க்ஸ் பின்னாளில் கூறினார். தட்டு வெற்றி பெற்றது. பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் பத்தாம் இடம் வரை ஏறியது. அதன் ஒவ்வொரு பாட்டையும் கீழிருந்து தாங்கி நிற்பது பிங்க்ஸின் தாளம். அந்த வாசிப்புக்குக் கூலி கேட்கும் நிலைக்கு அவர் வந்தது வருந்தத்தக்கது.

வேலை முடிந்தபின் சம்பளத்தைப் பற்றிப் பேச்சு மாறும்போது வயிறு எப்படி எரியும் என்று நம் நேயர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மேடையில் ஒளி வெள்ளத்தில் நிற்பவருக்கும் அந்த நிலை வருகிறது. வேலைக்கு முன்பே கூலியைப் பேசி, எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வது மரம் சீவுகிறவருக்கும் வேண்டும், மேளம் தட்டுகிறவருக்கும் வேண்டும். பல ஆண்டுகள் கழித்து, 2022-இல் அமெரிக்காவின் 'ராக் அண்ட் ரோல்' புகழ் மன்றம் ஜூடாஸ் பிரீஸ்ட் குழுவைச் சிறப்பித்தபோது, பிங்க்ஸின் பெயரும் அதில் சேர்க்கப்பட்டிருந்தது. 2025-இல் அவர் மறைந்தார்.

இந்தத் தட்டில் இன்னொரு செய்தியும் உண்டு. ஒன்பது பாட்டுகளில் ஒன்று, ஜோன் பேயஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி எழுதிப் பாடியது. 'வைரமும் துருவும்' என்று பொருள்படும் தலைப்புக் கொண்ட அது, பழைய காதலை எண்ணிப் பார்க்கும் அமைதியான பாட்டு. அதையே இந்தக் குழு இரட்டைக் கித்தாருடன் முழங்கிப் பாடுகிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், ஒரே மெட்டு இரண்டு கைகளில் எப்படி மாறுகிறது என்று பெரியவர்களுக்கும் புரியும்.

நேயர்களே, இன்று இசைத்தட்டு வாங்குவோர் குறைவு. பிள்ளைகள் கைத்தொலைபேசியில் கேட்கிறார்கள். ஆயினும் கேள்விகள் மாறவில்லை. உங்கள் மகனோ மகளோ ஒரு மேடைப் பதிவைக் கேட்டுக்கொண்டிருந்தால், கதவுக்கு வெளியே நின்று கோபப்படுவதைவிட உள்ளே போய் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். "இது எங்கே பாடியது? டிரம் வாசிப்பவர் பெயர் என்ன? இந்தக் குரல் அன்று பாடியதுதானா, அப்புறம் சேர்த்ததா?" பிள்ளைக்கு விடை தெரிந்தால் உங்களுக்குச் சொல்லிக் கொடுக்கும். தெரியாவிட்டால் தேடிக் கண்டுபிடிக்கும். ஒலியைச் சற்றுக் குறைத்து வைக்கவும் அப்போதே சொல்லிவிடலாம். கோபமில்லாமல் சொன்னால் கேட்கும்.

நல்ல வேலையைப் பாராட்டுவது, அதைச் செய்தவரின் பெயரைத் தெரிந்துகொள்வது, அவருக்குரிய கூலி கிடைத்ததா என்று கேட்பது ஆகிய மூன்று பழக்கங்களும் பிள்ளைகளுக்கு வந்துவிட்டால், அவர்கள் கேட்பது எந்த நாட்டு இசையாக இருந்தாலும் நாம் கவலைப்பட வேண்டியதில்லை.