பல்லின் வெண்மையும் பல்லின் உறுதியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இச்சங்கத்தின் செயலாளர் என் வீட்டுக்கு வந்து, "ஐயா, எங்கள் இளைஞர்களுக்குப் பயன்படத்தக்க ஒரு விஷயம் பற்றிப் பேசவேண்டும்" என்று கேட்டார். "எனக்குப் பல்லைப் பற்றித்தான் பேசத் தெரியும்" என்றேன். அவர் சிரித்தார், சிரிக்கும்போதே கையால் வாயை மறைத்துக்கொண்டார். பின்னர், "அப்படியானால் பல்லை வெண்மையாக்குவது எப்படி என்று பேசுங்கள், கூட்டம் தானாக வரும்" என்றார். இங்கே கூடியிருப்போரைக் காணும்போது அவர் சொன்னது மெய்யென்றே தெரிகின்றது.

பல ஆண்டுகள் அரசாங்க வைத்தியசாலைகளிற் பல் வைத்தியனாகக் கடமையாற்றியவன் நான். அக்காலத்திற் கண்ட ஒன்றை முதலிற் சொல்லுகின்றேன். ஒருநாட் காலை ஓர் இளைஞர் வந்தார். அவருக்குக் கலியாணம் நடக்க மூன்று கிழமைகளே இருந்தன. கைத்தொலைபேசியிற் பார்த்த ஒரு முறையைப் பின்பற்றி, தேசிக்காய்ப் புளியில் அப்பச்சோடாவைக் குழைத்து, ஒரு மாத காலமாகக் காலையும் மாலையும் பல்லைத் தேய்த்திருக்கின்றார். முதற்கிழமை பல் வெளுத்ததுபோலத் தோன்றிற்று. அதனால் மகிழ்ந்து இன்னும் அழுத்தித் தேய்த்தார். பின்னர் பச்சைத் தண்ணீர் பட்டாலும் பல் கூசத் தொடங்கிற்று. "டொக்டர், முன்னிருந்ததைவிட இப்பொழுது மஞ்சளாகத் தெரிகிறதே, இனி எதைப் பூசலாம்?" என்று கேட்டார். "தம்பி, இனி ஒன்றும் பூசவேண்டாம்" என்றேன்.

வெண்மைக்காகத் தேய்த்த பல் மஞ்சளானது ஏன்? இந்த ஒரு கேள்விக்கு விடை தெரிந்தால், இன்றைய பேச்சின் பெரும்பகுதி தெரிந்ததாகும்.

நம் பல்லின் வெளிப்புறத்தை மூடியிருப்பது மிளிரி என்னும் படை. எனாமல் என்றும் அதனை வழங்குவர். மனித உடம்பில் உள்ளவற்றுள் மிகக் கடினமானது அதுவே. அதன் நிறையில் ஏறக்குறைய 96 வீதம் கனிப்பொருள். அஃது ஒளியை ஓரளவு ஊடுருவ விடும் தன்மையது. அதற்குக் கீழே உள்ள உட்படையோ இயற்கையிலேயே இளமஞ்சள் நிறமுடையது. மஞ்சட் பட்டின்மேல் மெல்லிய வெள்ளைத் துணியை விரித்ததுபோல என்று எண்ணிக்கொள்ளுங்கள். மேலுள்ள வெள்ளைத் துணி தேயத் தேயக் கீழுள்ள மஞ்சள் மிகுதியாகத் தெரியுமன்றோ? அந்த இளைஞருக்கு நேர்ந்தது இதுதான். அவர் தேய்த்து நீக்கியது கறையை மாத்திரமன்று. வெண்மையைத் தரும் படையையும் சேர்த்தே நீக்கிவிட்டார்.

வெட்டிய மயிர் வளரும். நறுக்கிய நகம் வளரும். முறிந்த எலும்பும் பொருந்தும். ஆனால் மிளிரியை உண்டாக்கும் உயிர்க்கலங்கள் பல் முரசைப் பிளந்து வெளிவரும்போதே அழிந்துவிடுகின்றன. சிறிது மென்மையடைந்த மிளிரியை உமிழ்நீரிலுள்ள உப்புக்களும் பற்பசையிலுள்ள புளோரைட்டும் மீண்டும் கடினப்படுத்த வல்லன. தேய்ந்து போன மிளிரியையோ எந்த மருந்தும் மீட்டுத் தராது.

புளிப்பின் வன்மையைப் பீஎச் என்னும் அளவால் அளப்பர். அவ்வளவு 5.5 என்னும் இடத்துக்குக் கீழே இறங்கினால் மிளிரி கரையத் தொடங்கும். தேசிக்காய்ச் சாற்றின் அளவு ஏறக்குறைய 2 முதல் 2.5 வரை. இக்கணக்கில் ஒவ்வொரு படி இறங்குவதும் பத்து மடங்கு புளிப்பு ஏறுவதாகும். ஆகவே தேசிக்காய்ச் சாறு, பல் தாங்கக்கூடிய எல்லையைவிட ஆயிரம் மடங்கு அளவில் வன்மையானது. மன்னார்க் கடலின் முத்துக்குளிப்பை அறியாதார் நம்மில் இல்லை. அங்கே எடுத்த முத்தை எவரேனும் புளியில் ஊறவைத்து மெருகிடுவாரோ? முத்தும் புளியிற் கரையும். பல்லும் புளியிற் கரையும். உணவில் தேசிக்காய் சேர்ப்பதை நான் குறை கூறவில்லை. அதனைப் பல்லிலே பூசித் தேய்ப்பதைத்தான் விலக்குகின்றேன்.

இவ்விடத்தில் பெரியோர் சிலர், "எங்கள் அப்பு உமிக்கரியால்தானே பல் விளக்கினார், எண்பது வயதிலும் கரும்பு கடித்தாரே" என்று கேட்கக்கூடும். அவர் கரும்பு கடித்தது உமிக்கரியாலன்று. உமிக்கரி இருந்தும் கடித்தார் என்பதே பொருத்தம். உமிக்கரியில் மணற்சத்து உண்டு; அது பல்லை உராயும். முரசின் ஓரத்தில் ஆப்பு வடிவாகத் தேய்ந்து பள்ளம் விழுந்த பற்களை முதியோர் வாயில் நான் எத்தனையோ முறை கண்டிருக்கின்றேன். இக்காலத்தில் அழகிய குழாய்களில் அடைத்து விற்கும் கரிப் பற்பசையின் கதையும் வேறன்று. அத்தகைய கரிப்பொருள்களைப் பற்றிய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த ஒரு கட்டுரை, அமெரிக்கப் பல் வைத்தியர் சங்கத்தின் சஞ்சிகையில் 2017ஆம் ஆண்டு வெளிவந்தது. அவை பயன்தரும் என்பதற்கோ, தீங்கற்றவை என்பதற்கோ போதிய சான்று இல்லை என்பதே அதன் முடிபு.

நம் முன்னோர் ஆலங்குச்சியையும் வேலங்குச்சியையும் போற்றியபோது அவை பல்லுக்கு உறுதி தரும் என்றார்களேயன்றி, வெண்மை தரும் என்று சொல்லவில்லை. இதனை இளைஞர்கள் சிந்திக்கவேண்டும். புலவர்கள் பல்லை முத்துக்கும் முல்லை அரும்புக்கும் ஒப்பிட்டார்கள்; சுண்ணாம்புச் சுவருக்கு ஒப்பிட்டாரில்லை. நல்ல முத்தில் ஓர் இளமஞ்சட் சாயல் உண்டு. நலமுள்ள பல்லிலும் அஃது உண்டு. திரையிலே நாம் காணும் தூய வெள்ளைப் பற்களுட் பல, மேலே ஒட்டிய ஓடுகள் என்பதை மறவாதீர்கள்.

அப்படியானால் கறை படிந்த பல்லோடுதான் வாழவேண்டுமோ என்று கேட்பீர்கள். வேண்டியதில்லை. ஆனால் கறை எங்கே இருக்கின்றது என்பதை முதலில் அறியவேண்டும். கறை இருவகைப்படும்: பல்லின் மேலே படிவது ஒன்று, பல்லின் உள்ளே ஊறியது மற்றொன்று.

பிளேன்ரீ, கோப்பி, வெற்றிலை, சுருட்டு, சிகரெட் ஆகியவற்றால் வருவது மேற்கறை. குழந்தைகளுக்குக் கொடுக்கும் இரும்புச்சத்துப் பாணியாலும், குளோர்ஹெக்சிடின் கலந்த வாய்கொப்பளிக்கும் மருந்தை நெடுநாட் பாவிப்பதாலும் இவ்வகைக் கறை வரும். பல் வைத்தியர் பற்காறையை நீக்கி மெருகிட்டால் இதிற் பெரும்பகுதி போய்விடும். அரசாங்க வைத்தியசாலைகளில் இதற்குப் பணம் கொடுக்கவேண்டியதில்லை. "காறை எடுத்தால் பல் ஆடும்" என்று அஞ்சுவோர் நம்மிடையே பலர். காறை பல்லைப் பிடித்துவைத்திருக்கவில்லை. முரசைத் தின்று பல்லை ஆட்டங்காணச் செய்வதே அதன் வேலை. காறையை நீக்கும்போது பழைய ஆட்டம் வெளிப்படுகின்றது, அவ்வளவே.

உட்கறையோ வேறு. வயது ஏறுவதாலும், அடிபட்டுப் பல் உயிரிழப்பதாலும், பல் உருவாகும் சிறுபருவத்தில் ரெற்றாசைக்கிளின் போன்ற மருந்துகளை உட்கொள்வதாலும் இது வரும். எவ்வளவு தேய்த்தாலும் இது போகாது. இவ்வகையில் நம் நாட்டுக்கு மிக நெருங்கிய ஒன்றை விரித்துச் சொல்லவேண்டும்.

வரண்ட பிரதேசக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு பெண்பிள்ளையைத் தாயார் அழைத்து வந்தார். முன்பற்களிற் கபில நிறத் திட்டுக்கள். அப்பிள்ளை பேசும்போது தலையைக் குனிந்தே பேசிற்று. "வகுப்பிலே பல் விளக்காதவள் என்று சொல்லிச் சிரிக்கிறார்கள் ஐயா" என்று தாயார் கண்கலங்கினார். அப்பிள்ளையோ நாளுக்கு நான்குமுறை பல் விளக்குகிறவள்! குற்றம் அவளிடத்தன்று, குடித்த கிணற்று நீரில் இருந்தது. 1901ஆம் ஆண்டு பிரெடெரிக் மக்கே என்னும் பல் வைத்தியர் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில் இத்தகைய கபிலப் பற்களைக் கண்டு காரணம் தேடத் தொடங்கினார். முப்பது ஆண்டுகளின் பின், 1931இல், சேர்ச்சில் என்னும் இரசாயன அறிஞர், நீரிலுள்ள மிகுதியான புளோரைட்டே காரணம் எனக் கண்டார். நம் நாட்டில் வட மத்திய மாகாணத்திலும் வேறு சில வரண்ட பகுதிகளிலும் நிலத்தடி நீரில் இது மிகுந்துள்ளது. ஒரு லீற்றருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் புளோரைட்டு நீங்காது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். ஆதலின் அப்பகுதிகளிற் சிறு குழந்தைகள் உள்ள வீட்டார் கிணற்று நீரைப் பரிசோதிப்பித்து, வேண்டுமாயின் சுத்திகரித்த நீரையே அவர்களுக்குக் கொடுக்கவேண்டும்.

இதைக் கேட்டுப் புளோரைட்டுப் பற்பசையை வீசிவிடாதீர்கள். தீங்கு செய்வது சிறுபருவத்தில் மிகுதியாக விழுங்குவது. பற்பசையை விழுங்காமற் பாவிப்பதால் வருவது நன்மையே. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஓர் அரிசியளவும், ஆறு வயது வரை ஒரு பட்டாணியளவும் போதும்.

இனி, உட்கறையை வெளுக்கச் செய்யும் முறைக்கு வருவோம். ஐதரசன் பேரொட்சைட்டு, காபமைட்டு பேரொட்சைட்டு என்னும் மருந்துகள் பல்லுக்குள் ஊடுருவி, நிறம் தரும் பொருளைச் சிதைக்கின்றன. இவை உராய்ந்து வேலை செய்வனவல்ல. 10 வீதக் காபமைட்டு மருந்தை, வாயின் அளவுக்குச் செய்த மெல்லிய அச்சில் இட்டு இரவில் அணியும் முறை 1989இல் வெளியிடப்பட்டது. வைத்தியரின் மேற்பார்வையிற் செய்தால் இது பெரும்பாலும் தீங்கற்றதே. சில நாட்களுக்குப் பற்கூச்சமும் முரசில் எரிவும் உண்டாகலாம். அவை பின்னர் நீங்கும். வெண்மையும் என்றும் நிலைத்திராது. அடைத்த பல்லும் கட்டிய பல்லும் நிறம் மாறா. சொத்தையும் முரசு நோயும் உள்ளோர் அவற்றை முதலிற் சுகப்படுத்தவேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் காத்திருப்பதே நன்று. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2012 முதல், 0.1 வீதத்துக்கு மேல் 6 வீதம் வரை ஐதரசன் பேரொட்சைட்டு கொண்ட வெண்மைப் பொருள்களைப் பல் வைத்தியர்களுக்கு மாத்திரமே விற்கலாம். பதினெட்டு வயதுக்குட்பட்டோர்க்கு அவற்றைப் பாவிக்கவும் கூடாது. இதிலிருந்து, பெயர் தெரியாத புட்டியை வாங்கித் தாமே பூசுவதும், அழகு நிலையத்திற் பல்லைக் கொடுத்து அமர்வதும் எத்தகைய துணிச்சல் என்பது விளங்கும்.

வெற்றிலை போடும் பெரியோர்களுக்கு ஒரு வார்த்தை. பல்லின் சிவப்பைப் பற்றி நீங்கள் கவலைப்படாதிருக்கலாம். ஆனால் கன்னத்தின் உட்புறத்திலோ நாக்கிலோ வழித்தாலும் போகாத வெள்ளைத் திட்டு ஒன்று காணப்பட்டால், ஆறாத புண் இரண்டு கிழமைக்கு மேல் இருந்தால், வாய் முன்போல விரியாவிட்டால், அன்றே வைத்தியரிடம் செல்லுங்கள். வாயிலே நாம் அஞ்சவேண்டிய வெண்மை அதுதான். பாக்குத் தானே புற்றுநோயை விளைவிக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வகம் 2004இல் வெளியிட்ட நூலில் அறிவித்துள்ளது. புகையிலையை நீக்கிவிட்டோம் என்ற ஆறுதல் போதாது.

முடிவாக, நாள்தோறும் செய்யத்தக்கவை சில. மென்மையான பற்தூரிகையும் புளோரைட்டுப் பற்பசையும் கொண்டு, காலையிலும் இரவு படுக்குமுன்னும் இரண்டு நிமிடம் அழுத்தாமற் பல் விளக்குங்கள். நுரையைத் துப்புங்கள், உடனே நிறைய நீர்விட்டுக் கொப்பளிக்கவேண்டாம். புளிப்பானவற்றை உண்டால் நீரால் வாயைக் கொப்பளித்து, ஒரு மணி நேரம் சென்றபின் தூரிகையை எடுங்கள். தேநீர் குடித்தபின் ஒரு மிடறு தண்ணீர் குடியுங்கள். புகைத்தலை விடுங்கள். வெண்மை வேண்டுமென்றால் முதலில் வைத்தியரிடம் வாயைக் காட்டுங்கள்.

அந்த இளைஞருக்குப் புளோரைட்டுப் பூச்சு இட்டோம், கூச்சம் தணிந்தது. தேய்ந்த மிளிரி திரும்பவில்லை. கலியாண வீட்டுக்கு நானும் சென்றிருந்தேன். மாப்பிள்ளை வாய்நிறையச் சிரித்தார். பல்லின் நிறத்தை எவரும் பார்க்கவில்லை. அந்தப் பெண்பிள்ளைக்கோ, வயது வந்தபின் திட்டுக்களின் மேல் பல்லின் நிறமுள்ள பூச்சு வைத்தோம். அவளுக்கு அதைவிட முன்பே வேண்டியிருந்தது ஒன்றுண்டு: தன்னைப் பார்த்துச் சிரிக்காத ஒரு வகுப்பு. அதனைக் கொடுக்க வைத்தியனால் இயலாது, உங்களால் இயலும்.

இளைஞர்களே, பிறர் பல்லைப் பார்த்து நகையாதீர்கள். உங்கள் பல்லை மறைத்துக்கொண்டும் நகையாதீர்கள். செயலாளரும் இனி வாயை மறைக்கமாட்டார் என்று நம்புகின்றேன்.