மடிக்கணினி வருகிறது, தமிழ் வருகிறதா?



இராசபாளையத்திற்கும் திருவில்லிபுத்தூருக்கும் இடையே ஓடும் பேருந்துகளில், 2025ஆம் ஆண்டின் பங்குனி தொடங்கி மார்கழி வரையில், கல்லூரிப் பிள்ளைகளின் பேச்சில் ஓயாது உருண்ட பொருள் ஒன்று உண்டு. அரசு கொடுக்கப்போகும் மடிக்கணினி எப்படி இருக்கும் என்பதே அது. அவர்தம் வாயில் அது 'லேப்டாப்' என்றே வழங்கிற்று என்பதை மறைப்பதற்கில்லை. எனினும் அரசாணையிலும் செய்தித்தாளிலும் 'மடிக்கணினி' என்றே அச்சேறியது. ஒரு தலைமுறைக்கு முன் 'கம்ப்யூட்டர்' என்பதற்கு ஒரு தமிழ்ச்சொல் வேண்டும் என்றவர்களை நகையாடியோர் பலர். இன்று கணினி என்னும் சொல் பள்ளிப் பாடநூலில் இயல்பாய் அமர்ந்திருக்கிறது. சொல் வென்றுவிட்டது. அச்சொல்லுக்குரிய பொருள் எம்மொழியிற் பேசுகிறது என்பதே ஆராயற்பாலது.

செய்தியின் தொடக்கத்தைச் சொல்லிவிடவேண்டும். 2025 மார்ச்சு 14ஆம் நாள், அன்றைய நிதியமைச்சர் தங்கம் தென்னரசு சட்டமன்றத்தில் வரவு செலவுத் திட்டத்தைப் படித்தார். அவர் இதே விருதுநகர் மாவட்டத்துத் திருச்சுழித் தொகுதியினர். ஆதலின் இவ்விரண்டு ஊராரும் அவ்வறிக்கையைச் சற்றுக் கூடுதலாகவே செவிமடுத்தனர். இரண்டு ஆண்டுகளில் 20 இலக்கம் கல்லூரி மாணவர்க்கு மடிக்கணினியோ கைக்கணினியோ வழங்கப்படும் என்றும், அதற்கென 2,000 கோடி உருபா ஒதுக்கப்படுகிறது என்றும் அவ்வறிக்கை கூறிற்று. அவ்வளவே. எந்நிறுவனத்தின் பொறி, எத்துணை நினைவகம், எப்பொழுது கைக்கு வரும் என்பவற்றிற்கு அதில் விடையில்லை. விடையில்லாத இடத்திற்றானே ஊகம் முளைக்கும்!

முளைத்த ஊகங்கள் கொஞ்சமல்ல. முதற்கண் கணக்கு. 2,000 கோடியை 20 இலக்கத்தால் வகுத்தால் தலைக்குப் பத்தாயிரம் உருபாவே வருகிறது. பத்தாயிரத்திற்கு என்ன மடிக்கணினி வரும்? விளையாட்டுப் பொம்மையா? இவ்வையம் தேநீர்க் கடையோடு நில்லாமல் சட்டமன்றத்திலும் எழுந்தது. அத்தொகை முதற்கட்டப் பத்து இலக்கம் கணினிகளுக்கு உரியது, ஆதலின் ஒன்றுக்கு இருபதாயிரம் ஆகும் என்று அரசுத் தரப்பில் விளக்கம் வந்தது. பொம்மை என்ற கட்சி சற்று அடங்கிற்று. அடுத்து, 'மடிக்கணினியோ கைக்கணினியோ' என்னும் தொடரில் வந்த அந்த 'ஓ'காரம் பெரும்பாடு படுத்தியது. விருப்பம் மாணவனுடையதா, அரசினுடையதா? கைக்கணினியைத் தலையிற் கட்டிவிடுவார்களோ? திரை பதினான்கு அங்குலமா, பதினைந்தா? அண்ணனுக்கு வந்தது போன்றதா, அதனினும் மேம்பட்டதா?

அண்ணனுக்கு வந்தது என்பது 2011ஆம் ஆண்டுத் திட்டம். அவ்வாண்டு செப்டம்பர் 15ஆம் நாள், அறிஞர் அண்ணா பிறந்தநாளன்று, செயலலிதா அரசு அதனைத் தொடங்கிற்று. மேனிலைப் பள்ளி மாணவர்க்கும் அது வழங்கப்பட்டது. அப்பொறியில் இருந்த நினைவகம் 2 கிகாபைட்டு. நெசவாளி வீட்டிலும் ஆலைத் தொழிலாளி வீட்டிலும் முதன்முதல் நுழைந்த கணினி அதுவே. அது பிறகு நின்றுபோயிற்று. இடையில் வந்த பிள்ளைகள் பலர் வெறுங்கையராய்ப் படிப்பை முடித்து வெளியேறினர். ஆகவே இம்முறை எழுந்த ஆவலை வெறும் பொருளாசை என்று எள்ளிவிடலாகாது. கடையில் நாற்பதாயிரம் கொடுத்து வாங்க இயலாத வீட்டுப் பிள்ளைக்கு, அரசு தரும் பொறியின் நினைவகம் நான்கா எட்டா என்பது வாழ்க்கைக் கேள்வி. அமெரிக்க நாட்டு ஆப்பிள் நிறுவனம் அடுத்த மடிக்கணினியில் எந்தச் செயலியைப் பொருத்தும் என்று ஆண்டுதோறும் நாட்கணக்காய் வாதிடும் செல்வர் வீட்டு ஆவலும், இராசபாளையத்து நூற்பாலைத் தொழிலாளி மகளின் ஆவலும் ஒன்றல்ல.

கடைசியில் 2026 சனவரி 5ஆம் நாள், திருவள்ளுவராண்டு 2056 மார்கழித் திங்களில், 'உலகம் உங்கள் கையில்' என்னும் பெயருடன் அத்திட்டம் சென்னையில் தொடங்கப்பெற்றது. டெல், ஏசர், எச்.பி. ஆகிய மூன்று நிறுவனத்துப் பொறிகள். 8 கிகாபைட்டு நினைவகம். 256 கிகாபைட்டுச் சேமிப்பகம். விண்டோசு 11, அதனோடு பாசு இலினக்சு. செயற்கை நுண்ணறிவுச் சேவை ஒன்றின் சில மாதப் பயன்பாட்டு உரிமையும் உடன் வந்தது. ஊகித்தவருள் எட்டு என்றவர் வென்றார். நான்கு என்றவர் தோற்றார். பொம்மை என்றவர் பேச்சை மாற்றிக்கொண்டார். பாராட்டவேண்டியதைப் பாராட்டுக.

ஆயினும் பெருமக்களே, அந்தப் பத்துத் திங்கள் ஊகத்தில் அரிதினும் அரிதாகவே எழுந்த கேள்வி ஒன்று உண்டு. அப்பொறியில் தமிழை எப்படி எழுதுவது?

இராசபாளையம் நூலூர். 1936இல் அங்கே நூற்பாலை எழுந்தது. அருகிலுள்ள சத்திரப்பட்டியில் மருத்துவக் கட்டுத்துணி நெய்கிறார்கள். கதிர் எத்தனை என்று மட்டும் கேட்டுவிட்டு, என்ன நூல், அதில் என்ன துணி என்று கேளாமற் போகும் வணிகன் அவ்வூரில் இல்லை. திருவில்லிபுத்தூரோ இனிப்பூர். அவ்வூர்ப் பால்கோவா 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. ('கோவா' என்னும் பிறமொழி ஒட்டு ஏனோ! திரட்டுப்பால் என்னும் தூய சொல் தமிழ்வீடுகளில் இருக்கவே இருக்கிறது.) சட்டி எத்துணைப் பெரிது என்று கேட்டு எவரும் அவ்வினிப்பை வாங்குவதில்லை, பால் எத்தகையது என்றே கேட்கின்றனர். நூலுக்கும் பாலுக்கும் உள்ள இந்தத் தெளிவு கணினிக்கு மட்டும் இல்லாமற் போவானேன்?

தமிழ்ப் பிள்ளைகளுள் பெரும்பாலோர் கைப்பேசியிலும் கணினியிலும் தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கின்றனர். மார்கழி விடியலில் ஆண்டாள் பாசுரம் ஒலிக்கும் திருவில்லிபுத்தூரில், அப்பாசுரத்தின் முதலடியைத் தோழிக்கு அனுப்பும் பெண் அதனை ஆங்கில எழுத்திற் கோத்தே அனுப்புகிறாள். அவ்வெழுத்தில் லகர, ளகர வேறுபாடு இல்லை. னகரமும் ணகரமும் ஒன்றாகின்றன. ரகரமும் றகரமும் ஒன்றாகின்றன. அறம் அரமாகிறது, மணம் மனமாகிறது, வலியும் வளியும் ஒரே தோற்றத்தில் நிற்கின்றன. பேச்சில் வேறுபாடு தேய்வதற்குக் காரணம் பல சொல்வர். எழுத்திலும் தேய்ந்தால் எதனைக் கொண்டு திருத்துவது?

தமிழுக்கு விசை இல்லையா என்றால், உண்டு; நெடுநாளாக உண்டு. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குழியிற் பிறந்து மலாயாவிற் பணியாற்றிய இரா. முத்தையா என்பார், இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே தமிழ்த் தட்டச்சுப் பொறியை வடிவமைத்தார். இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகளைச் சில பத்து விசைகளுள் அடக்குவது எளிதா? அதற்கென 'நகரா விசை' கண்டார். புள்ளியை அடித்தால் தாள் நகராது. அடுத்து மெய்யெழுத்தை அடித்தால் அது அப்புள்ளியின் கீழ் வந்து அமரும். செருமானிய நிறுவனம் அதனை இரும்பில் வார்த்துக் கொடுத்தது. அன்று தமிழ்ப் பொறி வாங்குவோர் எத்தனை பேர் இருந்திருப்பர்? அச்சிறு தொகையினர்க்காக அயல்நாட்டான் தன் விசைகளிலே தமிழைப் பொறித்தான். இன்று தமிழ்நாட்டுக் கடைகளில் விற்கும் மடிக்கணினிகளின் விசைகளிற் பொதுவாகக் காண்பது ஆங்கில எழுத்து மட்டுமே. வாங்குவோன் கேட்பதில்லை, விற்போன் பொறிப்பதில்லை.

தட்டச்சுப் பொறியின் முறை இரும்புக்கு ஏற்ற முறை. கணினிக்கு ஏற்ற முறை வேண்டுமென்று 1999 பிப்பிரவரியில் சென்னையில் 'தமிழ்நெட்99' மாநாடு கூடிற்று. அதன் பயனாகத் தமிழ்நாட்டரசு அவ்வாண்டே 'தமிழ்99' விசைப்பலகையைத் தரப்படுத்தி அறிவித்தது. இதன் அருமையைச் சற்றே விரித்துச் சொன்னாலன்றி விளங்காது.

உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, ஆய்தம் ஒன்று, ஆக முப்பத்தொரு விசைகள். தொடக்கப்பள்ளிப் பிள்ளை அறிந்த கணக்கே அது. உயிர்கள் அனைத்தும் இடக்கைப் பக்கம். மெய்கள், வகர ஙகரம் நீங்கலாக, வலக்கைப் பக்கம். நடுவரிசையில் இடக்கையின் கீழ் அ, இ, உ, எ. வலக்கையின் கீழ் க, ப, ம, த, ந, ய. மிகுதியாக வரும் எழுத்துகள் விரல் படிந்திருக்கும் இடத்திலேயே அமைந்துள்ளன. ககர விசையையும் ஒகர விசையையும் தொடர்ந்து தட்டினால் 'கொ' பிறக்கிறது. கொம்பை முன்னே போட்டுக் காலைப் பின்னே போடும் தொல்லை இல்லை. மெய்யும் உயிரும் புணர்ந்து உயிர்மெய்யாகும் என்று தமிழிலக்கணம் சொல்வதைப் பொறியே செய்துகாட்டுகிறது.

இன்னும் கேளுங்கள். 'அம்மா' என்று எழுத அ, ம, ம, ஆ என நான்கு தட்டு போதும். ஒரே மெய் இரட்டித்தால் முன்னதன் தலையில் புள்ளியைப் பொறி தானே இட்டுவிடும்.  'தங்கம்' என்பதற்குத் த, ங, க, ம, புள்ளி என ஐந்து. ஙகரத்தின் பின் ககரம் வந்தாலும் புள்ளி தானே விழும். ஆங்கில எழுத்தில் ஏழு தட்டு. ஒரு சொல்லுக்கு இரண்டு தட்டு மிச்சம் என்றால், ஆயிரம் சொற்கொண்ட கட்டுரைக்கு எத்தனை என்று நூலூர்க்காரர் கணக்கிட்டுக் கொள்க.

கொரியர் இதனைத் தமிழர்க்கு முன்பே செய்து முடித்தனர். அவர்தம் விசைப்பலகையில் மெய்கள் இடப்பக்கம், உயிர்கள் வலப்பக்கம். தமிழ்99இன் கண்ணாடி நிழல் போன்றது. மெய்யும் உயிரும் சேர்ந்து அசையாகும் அமைப்பும் அதுவே. வேறுபாடு ஒன்றே: கொரிய நாட்டில் விற்கும் மடிக்கணினியின் விசைகளில் கொரிய எழுத்து பொறிக்கப்பட்டிருக்கும், அந்நாட்டுப் பிள்ளை அதிலேயே அடிக்கும். எந்த நிறுவனமாயினும் அங்கே விற்க வேண்டுமெனின் அவ்வெழுத்தைப் பொறித்தே தீரவேண்டிய நிலையை அம்மக்கள் உண்டாக்கியிருக்கின்றனர். அறபு நாட்டார்க்கும் உருசியர்க்கும் தாய்லாந்தார்க்கும் அவ்வாறே.

'தமிழில் அடித்தால் சோறு வருமா? வேலை ஆங்கிலத்திலன்றோ இருக்கிறது!' என்பார் உளர். ஆங்கிலம் கற்கவேண்டா என்று இங்கே யாரும் சொல்லவில்லை. ஆங்கிலத்தை ஆங்கில எழுத்தில் எழுதுக. தமிழைத் தமிழெழுத்தில் எழுதுக. இரண்டிற்கும் அப்பொறியில் இடமுண்டு. மேலும், சோற்றுக் கணக்கிலேயே பார்த்தாலும் நிலைமை மாறியிருக்கிறது. அம்மடிக்கணினியோடு வந்த செயற்கை நுண்ணறிவு எதனைக் கொண்டு கற்கிறது? மாந்தர் எழுதிக் குவித்த எழுத்தைக் கொண்டே கற்கிறது. ஆங்கிலத்தில் அக்குவியல் மலை. தமிழில் அது சிறுமேடு. எழுதும் தமிழையும் ஆங்கில எழுத்தில், ஆளுக்கொரு விதமாய், ழகரமும் றகரமும் இன்றிக் குவித்தால், நாளை அப்பொறி தமிழென்று எதனைத் திருப்பிச் சொல்லும்? குப்பையைத்தான். பின்னர், 'பொறிக்குத் தமிழ் தெரியவில்லை' என்று அதனையே குறை கூறுவர்.

எழுதுவதற்கு இடமும் இல்லாமலில்லை. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் ஒன்றரை இலக்கத்திற்கும் மேற்பட்ட கட்டுரைகள் இருக்கின்றன. பெரும்பாலும் ஊதியம் வாங்காத கைகள் எழுதியவை. சத்திரப்பட்டித் தறியைப் பற்றியும், இராசபாளையத்து நாயினத்தைப் பற்றியும், திருவில்லிபுத்தூர்க் கோபுரத்தைப் பற்றியும் அங்குள்ள பிள்ளையன்றி வேறு யார் செவ்வையாய் எழுதமுடியும்? அரசு முத்திரையிலுள்ள கோபுரம் தம்மூர்க் கோபுரமே என்று அவ்வூரார் பெருமிதத்தோடு சொல்வர். மதுரை மேலைக் கோபுரம் என்பாரும் உளர். அவ்வழக்கையும் சான்றோடு எழுதட்டும், தமிழில்.

தமிழ்99ஐ விலைகொடுத்து வாங்க வேண்டியதில்லை. மைக்ரோசாப்டு நிறுவனம் 2019ஆம் ஆண்டுப் புதுப்பிப்பிலிருந்து அதனை விண்டோசின் உள்ளேயே வைத்திருக்கிறது. ஆகவே விண்டோசு 11 உள்ள ஒவ்வொரு மடிக்கணினியிலும் அது உறங்கிக்கொண்டிருக்கிறது. எழுப்புதற்குப் பத்து நிமையம் ஆகாது. அமைப்புகள் பகுதியில் நேரமும் மொழியும் என்பதற்குட் புகுந்து, மொழிகளுள் தமிழைச் சேர்த்து, அதன் விசைப்பலகைகளுள் தமிழ்99ஐத் தெரிந்தெடுக்கவேண்டும். முப்பத்தொரு விசைகளின் இடத்தையும் ஒரு தாளில் எழுதித் திரையருகே வைத்துக்கொண்டு, நாளுக்கு அரைமணி பழகலாம். கண் தாளை விட்டு நீங்கியதும் தாளைக் கிழித்துவிடலாம். வீட்டிற்குப் பொறி வந்த நாளன்றே, பாட்டும் படமும் ஏறுமுன், தந்தையோ தமக்கையோ அருகிருந்து இதனைச் செய்விக்கட்டும். தமிழாசிரியர்கள் தம் வகுப்பில் ஒரு பாடவேளையை இதற்கென ஒதுக்கட்டும். கட்டுரைப் பயிற்சியைத் தமிழ்99இல் அடித்துத் தருமாறு கேட்கட்டும்.

அமைத்த பின்னர், விண்டோசு விசையையும் இடைவெளி விசையையும் ஒருங்கே அழுத்தினால் பலகை தமிழுக்கு மாறும். மீண்டும் அழுத்தினால் ஆங்கிலத்திற்கு.