உங்கள் கொம்யூனுக்கு மேயர் யார்?

(பணி ஓய்வு பெற்ற பிரெஞ்சு ஆசிரியரான நம் உறுப்பினர் ஒருவர், 2020 சனவரியில் நடந்த காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை.)



தெருவிளக்கு, வாய்க்கால், குப்பை வண்டி எல்லாம் பேசி முடித்த பிறகு எனக்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார் செயலாளர். கரீபியன் தீவுகளைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் சிலர் சிரித்தீர்கள். கிரிக்கெட்டைத் தவிர அந்தத் தீவுகளுக்கும் நமக்கும் என்ன உறவு என்று நினைத்திருப்பீர்கள். உறவு இருக்கிறது. வில்லியனூருக்கும் இருக்கிறது, பாகூருக்கும் இருக்கிறது.

போன டிசம்பரில் ஓர் அம்மையார் எங்கள் வீட்டில் நான்கு நாள் தங்கினார். பாரிசில் என் மகளோடு வேலை பார்ப்பவர். சொந்த ஊர் குவாதலூப் தீவு. பார்த்தால் நம் பக்கத்துத் தெருப் பெண் என்றுதான் சொல்வீர்கள். ஆனால் தமிழில் ஒரு வாக்கியம் பேச வராது. கையில் ஒரு பழைய பதிவேட்டின் நகல் வைத்திருந்தார். அதில் அவருடைய கொள்ளுத்தாத்தாவின் பெயரும் வயதும் ஊரும் இருந்தன. எல்லாம் ஒரு பிரெஞ்சு எழுத்தர் தன் காதில் விழுந்தபடி எழுதியவை. நானும் என் மனைவியும் அந்த ஊர்ப் பெயரை எப்படியெல்லாமோ உச்சரித்துப் பார்த்தோம். கடைசி வரை பிடிபடவில்லை.

வரலாறு இதுதான். 1848-இல் பிரான்சு தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழித்தது. கரும்புத் தோட்டக்காரர்களுக்கு ஆள் தேவைப்பட்டது. நம் பக்கம் திரும்பினார்கள். 1853-இல் 'ஒரேலி' என்ற கப்பல் முதல் கூட்டத்தை மர்த்தினிக் தீவில் இறக்கியது. அதே கப்பல் 1854 டிசம்பரில் குவாதலூப்புக்கும் ஆட்களைக் கொண்டுபோனது. ஐந்தாண்டு ஒப்பந்தம். 1880-கள் முடிவதற்குள் மர்த்தினிக்குக்குச் சுமார் 25,000 பேர், குவாதலூப்புக்குச் சுமார் 42,000 பேர் போனார்கள். பெரும்பாலோர் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறிய தமிழர்கள். நோயிலும் வேலையிலும் மாண்டவர்கள் ஏராளம். ஊர் திரும்பியவர்கள் குறைவு.

மொழி போய்விட்டது. அங்கே இன்று வீட்டில் கிரியோல், பள்ளியிலும் அலுவலகத்திலும் பிரெஞ்சு. ஆனால் எல்லாம் போய்விடவில்லை. எங்கள் தெரு மாரியம்மன் கோயில் வேப்பமரத்தைப் பார்த்ததும் அந்த அம்மா "வெப்பெலே!" என்றார். அவருக்கு மாரியம்மன் 'மலியெமென்'. பூசாரி அங்கேயும் 'பூசாரி'தான். தப்பு 'தப்பூ', மத்தளம் 'மத்தலோன்', விடிய விடிய ஆடும் நாடகம் 'நத்ரோன்'. ராத்திரி என் மனைவி குழம்பு ஊற்றினாள். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "கொலொம்போ" என்றார். இன்று அந்தத் தீவுகளில் எந்த இனத்தவர் வீட்டிலும் கொலொம்போ கொதிக்கிறது. பேச்சு மறந்தாலும் சாமியையும் சாப்பாட்டையும் விடவில்லை.

வாழ்க்கை எப்படி என்று கேட்டேன். 1946 முதல் அந்தத் தீவுகள் பிரான்சின் மாவட்டங்கள். செலவழிப்பது யூரோ. ஆனால் பெரும்பாலான பண்டங்கள் கப்பலில் வரவேண்டும், அதனால் விலை ஏகம். 2009-இல் விலைவாசியை எதிர்த்து குவாதலூப் முழுக்க 44 நாள் வேலைநிறுத்தம் நடந்தது.

அப்புறம் அவர் என்னைக் கேட்டார்: "உங்கள் கொம்யூனுக்கு மேயர் யார்?"

நாம் சொல்கிற 'கொம்யூன்' என்ற சொல்தான் அங்கேயும். நம் பெரியவர்கள் 'மேரி' என்று சொல்வார்களே, அந்த அலுவலகமும் அங்கே உண்டு. ஆறு ஆண்டுக்கு ஒரு முறை தேர்தல். என்னிடம் பதில் இல்லை. ஆணையர் ஒருவர் இருக்கிறார், பிறப்புச் சான்றிதழ் அங்கே வாங்கலாம் என்றேன். "அவரை நீங்கள் தேர்ந்தெடுத்தீர்களா?" என்றார்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏன் தெரியுமா? 1880 மார்ச்சில் வந்த ஓர் ஆணைதான் பிரெஞ்சிந்தியாவைப் பத்து கொம்யூன்களாகப் பிரித்து, தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களை வைத்தது. அந்தப் பத்தில் வில்லியனூர் ஒன்று, பாகூர் ஒன்று. அது சமமான வாக்கு என்று சொல்லவரவில்லை. பெண்களுக்கு வாக்கில்லை. ஐரோப்பியருக்குத் தனிப் பட்டியல். அடிதடியும் உண்டு. ஆனாலும் இங்கே இருந்த தமிழனுக்கு வாக்கு இருந்தது. இதே கரையில் கப்பலேறிப் போனவனின் பிள்ளைக்கு, அதே பிரெஞ்சுக் கொடியின் கீழ், வாக்கு இல்லை! அவன் அந்நியனாம்.

இதை எதிர்த்து நின்றவர் ஆன்றி சிதம்பரோம். நம் சிதம்பரம்தான். 1863-இல் குவாதலூப்பின் கப்பெஸ்தேர் கொம்யூனில் பிறந்தவர். இந்தியர்களின் பிள்ளைகளை வாக்காளர் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று 1904-இல் வழக்குத் தொடுத்தார். ஆளுநரே எதிர்த்தார். சிதம்பரோம் விடவில்லை. 1923-இல்தான் உரிமை கிடைத்தது. பட்டியலில் பெயர் வருவதற்குப் பத்தொன்பது ஆண்டுகள்! அந்த உரிமையின் பலனைப் பின்னால் பார்த்தார்கள். எர்னஸ்ட் முத்துசாமி என்பவர் 1981 முதல் 2002 வரை குவாதலூப்பிலிருந்து பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் உட்கார்ந்தார். சேன்-பிரான்சுவா கொம்யூனின் மேயராகவும் இருந்தார்.

நம் கதை என்ன? 1954-இல் கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி, 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நம் மண்ணில் நடந்த வாக்கெடுப்பு அது. ஆனால் உள்ளாட்சித் தேர்தல் 1968-இல் நடந்தது. அடுத்து 38 ஆண்டுகள் கழித்து 2006-இல். அப்போது வந்தவர்களின் பதவிக்காலம் 2011-இல் முடிந்தது. இன்று வரை அடுத்த தேர்தல் இல்லை. வாய்க்கால் தூர்ந்தால் மனு எழுதுகிறோம். யாரிடம் கணக்குக் கேட்பது என்று நமக்கே தெரியவில்லை.

நான் எந்தக் கட்சிக்காகவும் பேசவில்லை. உங்களிடம் மூன்று காரியம் கேட்கிறேன். ஒன்று, வாக்காளர் பட்டியலில் உங்கள் வீட்டார் பெயர் சரியாக இருக்கிறதா என்று இந்த மாதமே பாருங்கள். இரண்டு, உள்ளாட்சித் தேர்தல் நடத்தக் கோரும் மனுவைச் சங்கத்தின் பெயரில் அனுப்புவோம். மூன்று, உங்கள் தாத்தா பாட்டி பெயரையும் அவர்கள் பிறந்த ஊரையும் தமிழில் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நூறு ஆண்டு கழித்து ஒரு பேரப்பிள்ளை அதைத் தேடி வந்தால், எழுத்துக்கூட்டித் திண்டாட வேண்டாம்.

அந்த அம்மா அடுத்த ஆண்டும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அதே கேள்வியை மறுபடி கேட்பார். அதற்குள் ஒரு பதில் வேண்டும்.