கணப்பு மேடையும் விளக்கு மாடமும்

(பட்டிமன்றத் தலைப்பு: பண்டிகையின் மகிழ்ச்சிக்குப் பெரிதும் துணை நிற்பது விருந்து உபசாரமா? வீட்டு அலங்காரமா? ‘வீட்டு அலங்காரமே’ என்ற அணியில் பேசியது.)

நடுவர் அவர்களே! கேக், பிரியாணி, ரோஸ் குக்கீஸ் என்று பட்டியல் போட்டு எங்கள் எல்லோருக்கும் பசியைக் கிளப்பிவிட்டு, தண்ணீர்கூடக் கொடுக்காமல் போய் உட்கார்ந்துவிட்ட எதிரணிப் பேச்சாளர்களே! (சிரிப்பு)

எதிரணியில் அம்மையார் ஒரு போடு போட்டார்கள். “ஏற்காட்டு பங்களாவிலே கணப்படுப்புக்கு மேலே இலையையும் தழையையும் தொங்க விடறாங்களே, அது வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போன எச்சம். நமக்கும் அதுக்கும் என்னய்யா சம்பந்தம்?” என்று கேட்டார்கள். நல்ல கேள்வி. அம்மையார் கேட்டதனால் ஏற்காட்டுக்கே போய்விடுவோம்.

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஏற்காடு. ஏறக்குறைய 5,000 அடி உயரம். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்பவர்தான் சேர்வராயன் மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டு வந்தவர். காப்பி வந்தது, பின்னாலேயே துரைமார் வந்தார்கள், துரைமார் வந்ததும் அவர்களுக்குக் குளிர் வந்தது. (சிரிப்பு) அந்தக் குளிருக்காகச் சுவரிலே குடைந்து, புகை மேலே போகப் புகைபோக்கி வைத்துக் கட்டியதுதான் கணப்பு. அதன் தலைமேலே ஒரு நீளப் பலகை இருக்கும். சில வீடுகளில் கல்லாலேயே இருக்கும். மேன்டல் என்பார்கள். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லும் போர்வையைக் குறிக்கிற சொல்லும் ஒரே வேர். பழங்காலத்தில் புகை அறைக்குள்ளே பரவாமல் பிடித்து மேலே அனுப்ப, அடுப்புக்கு மேலே போர்வை போர்த்தினாற்போல ஒரு கூரை நீட்டியிருக்கும். அது சுருங்கிச் சுருங்கிக் கடைசியில் பொம்மை வைக்கிற பலகையாகிவிட்டது. நம் வீட்டுத் திண்ணை சுருங்கிச் சுருங்கிச் செருப்பு விடுகிற இடமாகிவிட்டதே, அது மாதிரி! (கைதட்டல்)

அந்தப் பலகையிலே காலுறையைத் தொங்க விடுகிறார்களே, அது ஏன்? நிக்கோலஸ் என்ற ஆயரைப் பற்றிய பழங்கதை அது. இன்றைய துருக்கியிலே மீரா என்ற ஊரில் இருந்தவர். ஒரு ஏழைத் தகப்பனுக்கு மூன்று பெண்கள். கல்யாணம் பண்ணிக் கொடுக்கச் சீர் கொடுக்க வழியில்லை. இரவோடு இரவாக நிக்கோலஸ் பொன் முடிச்சை ஜன்னல் வழியே வீசினாராம். அது நெருப்பருகே காய்ந்து கொண்டிருந்த காலுறைக்குள்ளே போய் விழுந்ததாம். நடுவர் அவர்களே, வரதட்சணை அங்கேயும்தான் இருந்திருக்கிறது! (பலத்த சிரிப்பு) 1823இல் அமெரிக்காவில் டிராய் என்ற ஊர்ப் பத்திரிகையில் வந்த ஒரு கவிதை, புகைபோக்கியோரம் தொங்கும் காலுறையை உலகம் பூராவும் பரப்பிவிட்டது. 1843இல் லண்டனில் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை அச்சிட்டு விற்க ஆரம்பித்தார்கள். வந்த அட்டைகளை நிறுத்தி வைக்க வீட்டிலே தோதான இடம் எது? அதே பலகைதான்.

ஆகவே அந்நியம்தானே என்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

பத்துப்பாட்டிலே நெடுநல்வாடை என்று நக்கீரர் பாட்டு. வாடைக் காற்று அடிக்கிறது. மாடு மேய்க்கிறவர்கள் கன்னம் நடுநடுங்க, கையிலே கொள்ளிக்கட்டையோடு குளிர்காய்கிறார்கள். ஊருக்குள்ளே, வெயிலுக்கு வைத்திருந்த அழகான விசிறியைச் சுருக்கி மாட்டிவிட்டார்கள். அதிலே சிலந்தி கூடு கட்டிவிட்டது. நம்ம வீட்டு ஏர் கூலர் மார்கழியிலே எப்படி இருக்குமோ அப்படி! வாய் அகன்ற தடவு என்கிற கணப்புச் சட்டியிலே நெருப்பைப் போட்டுச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். வானம் மூடிக் கிடப்பதால் பொழுது தெரியவில்லை. பெண்கள் பிச்சி மொட்டு விரிவதைப் பார்த்து மாலை வந்துவிட்டது என்று தெரிந்துகொண்டு, இரும்பு விளக்கிலே திரி ஏற்றி, நெல்லும் பூவும் தூவிக் கைகூப்புகிறார்கள். இது என்ன, விருந்தா? அலங்காரம்!

அரண்மனைக்குள்ளே போனால், பாவை கையிலே அகல் ஏந்தி நிற்கிற விளக்கு. அம்மையார் கவனிக்க வேண்டும். அந்த விளக்கைச் செய்தவர்கள் யவனர் என்று நக்கீரரே சொல்கிறார். வெளிநாட்டுச் சரக்கு! தமிழ் அரண்மனை அதை வேண்டாம் என்று சொல்லவில்லை, நெய் ஊற்றி ஏற்றியது. (கைதட்டல்)

அந்த அரண்மனையில் அரசி காத்திருக்கிறாள். அரசன் பாசறையில் இருக்கிறான். இவ்வளவு விளக்கு இருந்தும் அவளுக்கு ஆறுதல் கிடைத்ததா என்று எதிரணி எழுந்து கேட்கும். கிடைக்கவில்லைதான். அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனாலும் விளக்கை யாரும் அணைக்கவில்லையே! விருந்து வைக்க விருந்தாளி வந்தாக வேண்டும். அலங்காரத்துக்கு, வருவார் என்கிற எண்ணம் ஒன்றே போதும்.

என் மாணவன் ஒருவன், ஏற்காட்டுப் பையன், சொன்னதைச் சொல்கிறேன். அவனுடைய தாத்தா ஒரு எஸ்டேட் பங்களாவிலே பட்லர். டிசம்பர் பிறந்தால் கணப்பு மேடையை அவர்தான் ஜோடிப்பார். கடையிலே எதுவும் வாங்குவதில்லை. சைப்ரஸ் கிளை மலையிலே கிடைக்கும். சில்வர் ஓக் இலையைத் திருப்பிப் போட்டால் அடிப்பக்கம் வெள்ளி மாதிரி மின்னும். காப்பிப் பழம் சிவக்கிற மாசம் அது, பச்சை இலையோடு ஒரு கொத்து. ஆரஞ்சுப் பழத்திலே வரிசையாகக் கிராம்பைக் குத்தி வைப்பார். கணப்புச் சூட்டுக்கு அறை முழுக்க மணக்கும். வேலியோரம் சிவப்பாகப் பூத்திருக்குமே கிறிஸ்துமஸ் பூ, பாயின்செட்டியா, அதிலும் நாலு. (சிவப்பாகத் தெரிவது பூ இல்லை, இலை. மெக்சிகோவிலிருந்து வந்த செடி.)

பங்களா முதலாளி பிள்ளைகள் எல்லாம் வெளிநாடு போய்விட்டார்கள். ஒரு வருஷம் கிறிஸ்துமஸுக்கு யாருமே வரவில்லை, வருவதாகக் கடிதமும் இல்லை. தாத்தா வழக்கம்போல ஜோடித்தார். பாட்டி, “யாரு பார்க்கப் போறாங்கன்னு இந்தக் கூத்து?” என்று சண்டை பிடித்தாளாம். தாத்தா, “அடியே, கதவைத் திறந்துகிட்டு வந்தா, வெறும் பலகையா இருக்கப்படாதுல்ல?” என்றாராம்.

எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிந்தது அடுத்தது. மிச்சமான கிளைகளை அவர் லைன் வீட்டுக்குக் கொண்டு வருவார். அங்கே ஏது கணப்பு? சமையல் அடுப்புத்தான். அதற்கு மேலே உப்பு, புளி, தீப்பெட்டி வைக்கிற ஒரு பலகை, கரி படிந்து கிடக்கும். அதைத் துடைத்து, ஒரு கிளையும் ரெண்டு கொத்துக் காப்பிப் பழமும் வைப்பார். நடுவிலே ஒரு மெழுகுவர்த்தி. பையன் சொன்னான்: “ஐயா, பங்களாவுல இருந்த ஜோடிப்பு அவங்களுக்கு. இது எங்களுக்கு. அன்னைக்கு ஒரு நாள் எங்க அம்மா அந்த அடுப்புல புகையிறதுன்னு திட்டல.” (நீண்ட கைதட்டல்)

அலங்காரம் பணக்காரன் சமாச்சாரம் என்றாரே எதிரணித் தலைவர், அந்த ஜோடிப்புக்கு எத்தனை ரூபாய் ஆகியிருக்கும் என்று அவரே கணக்குப் போட்டுச் சொல்லட்டும். விருந்துக்குத்தானய்யா கடன் வாங்குகிறார்கள்! மாக்கோலத்துக்கு எவன் கடன் வாங்கினான்? சாணியிலே செருகின பூசணிப் பூவுக்கு எவன் நகையை அடகு வைத்தான்?

நம் எல்லார் வீட்டிலும் ஒரு மேன்டல் இருந்தது, தெரியுமா? பழைய டி.வி. பெட்டி! அதற்கு ஒரு பூத்தையல் உறை, மேலே தலையாட்டிப் பொம்மை, பக்கத்திலே பையன் ஓட்டப் பந்தயத்தில் வாங்கின கப்பு. இப்போது டி.வி. சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டது. தலையாட்டிப் பொம்மைக்கு இடம் போச்சு. அதனால் வீட்டிலே தலையாட்டுகிற வேலையும் எங்கள் தலையில் விழுந்துவிட்டது! (பலத்த சிரிப்பு)

ஒன்று மட்டும், கணப்பு உள்ள வீட்டுக்காரர்களுக்கு. நெருப்பு எரிகிற அன்றைக்குப் பனி என்று பஞ்சை ஒட்டாதீர்கள். காய்ந்த கிளையைக் கணப்பு வாய்க்கு நேரே தொங்க விடாதீர்கள். சைப்ரஸ் காய்ந்தால் குபீரென்று பிடித்துக்கொள்ளும். தாத்தா தினமும் காலையிலே தொட்டுப் பார்த்து, மொறமொறப்பாக இருந்தால் மாற்றிவிடுவாராம். காலுறையை நெருப்பு மூட்டாத அன்றைக்குத் தொங்க விடலாம். நிக்கோலஸ் பொன் போட வருகிறபோது காலுறை சாம்பலாகக் கிடந்தால் அவர் யாரைப் போய்க் கேட்பார்?

நடுவர் மணியிலே கை வைத்துவிட்டார். எதிரணி விருந்துக்குக் கூப்பிட்டால் நான் கட்டாயம் வருவேன், அதிலே மாற்றுக் கருத்தே இல்லை. (சிரிப்பு) வாசலிலே ஒரு கோலமாவது போட்டு வையுங்கள், வீடு அதுதான் என்று அடையாளம் தெரியும்.